மெத்தைப் பந்துகள்

திங்கட்கிழமை கோல்ஃப் கிளப்புக்கு விடுமுறை. நீர்க்கோழி என்று எல்லோரும் கூப்பிடும் ஆளுக்கு மட்டும் அன்றுதான் வேலை. ஆட்டக்காரர்கள் வாரம் முழுக்கத் தண்ணீரில் அடித்துத் தொலைத்த பந்துகளை முங்கி எடுத்து, கழுவி, தரம் பிரித்து, கிளப் கடைக்கே திருப்பிக் கொடுப்பது அவன் பிழைப்பு. பதினாறு வருடமாக இதைத்தான் செய்கிறான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே இரண்டு தடவை யோசித்துவிட்டுத்தான் திரும்புவான்.

கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவனுடைய அக்கா. முகமூடியும் காற்று உருளையும் மாட்டிக்கொண்டு இறங்கும் அவன் இடுப்பில் கயிற்றின் மறுமுனை இருக்கும். ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் பை நிறைந்துவிட்டது. மூன்று என்றால் கேள்வி கேட்காமல் தூக்க வேண்டும். அக்கா மடக்கு நாற்காலியைப் போட்டு, ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டு, கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தால், உள்ளே இருப்பவன் மூச்சுவிடுவதுகூடத் தனக்குத் தெரியும் என்பாள். மிகைதான். ஆனால் அவன் அதை நம்பித்தான் இறங்கினான்.

பதினொன்றாம் குழிக்கு முன்னால் இருக்கும் குளம்தான் அங்கே பெரியது. இரண்டு ஆள் ஆழம். மேலே பச்சை, ஒரு கை கீழே போனால் கறுப்பு. கண்ணைத் திறந்து வைத்திருப்பதில் பிரயோசனம் இல்லை என்பதால் அவன் மூடிக்கொள்வான். சேற்றின் மேல் விரல்களை விரித்துத் தடவிக்கொண்டே போவான். கல் எது, கிளிஞ்சல் எது, பந்து எது என்று தொட்ட மாத்திரத்தில் தெரியும். பந்திலும் புதியதா, மட்டை பட்டு மேல்தோல் வெட்டுப்பட்டதா என்பது வரை விரலே சொல்லிவிடும்.

அந்த வருடம் புதுப் பந்து ஒன்று வந்தது. கம்பெனிக்காரர் ஒருவர் காரின் பின்பக்கம் நிறையப் பெட்டிகளோடு வந்து, மெம்பர்களைச் சுற்றி நிற்க வைத்துப் பேசினார்.

"இதுவரைக்கும் யூரிதேன்னு நல்ல பிளாஸ்டிக்ல உறை போட்ட பந்துன்னா பெரிய ஆட்டக்காரங்களுக்குத்தான். அதை அடிக்கப் புஜபலம் வேணும். இது ஞாயித்துக்கிழமை ஆட்டக்காரங்களுக்குன்னே செஞ்சது சார். உறையும் மெல்லிசு, உள்ள இருக்கிற ரப்பர் உருண்டையும் மிருது. நீங்க மெதுவாத் தட்டினாலும் அமுங்கி எழும்பிப் போகும். கையில வாங்கி அழுத்திப் பாருங்க."

வாங்கி அழுத்திப் பார்த்தார்கள். உண்மையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் அமுங்கவில்லை. ஆனாலும் பிடித்தவர்கள் யாருக்கும் உடனே திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டே நாளில் அதற்கு மெத்தை என்று பெயர் விழுந்துவிட்டது. மெம்பர்களில் ஒருவரான பல் டாக்டர் மூன்று பெட்டி வாங்கினார். மூன்றும் பதினைந்து நாளில் பதினொன்றாம் குழிக் குளத்துக்குள் போயின.

"பந்து மிருதுவானா மட்டும் போதுமா? குளம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுதேப்பா" என்று நீர்க்கோழியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "வர்றப்ப ரெண்டு மூணாவது எடுத்து வை."

அடுத்த திங்கட்கிழமை அவன் பை நிறைய எடுத்தான். ஒரு மெத்தைகூட இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பல் டாக்டர் மட்டுமே முப்பதுக்கு மேல் போட்டிருக்கிறார். எங்கே போகும்? மூன்றாவது வாரம் குளத்தின் ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டே, வடிகால் குழாய் இருக்கும் மூலைக்குப் போனான். சேறு அதிகம் என்று வழக்கமாக அவன் போகாத இடம் அது. அங்கே கை சட்டென்று ஒரு பள்ளத்தில் இறங்கியது.

குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி அளவுக்கு இருந்தது. விளிம்பு வட்டமாக, வழவழப்பாக இருந்தது. உள்ளே நீர்ப்பாசியை விரித்தாற்போல் ஒரு பரப்பு. அதன்மேல் பந்துகள், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, ஒரே அடுக்காக. ஒவ்வொன்றாகத் தடவினான். எல்லாம் மெத்தை. வழக்கமான கெட்டிப் பந்து ஒன்றுகூட இல்லை.

எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே வந்தான்.

புல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி அப்போது அந்தப் பக்கம் வந்தார். விஷயத்தைச் சொன்னதும், "அடியில சரிவு இருக்கும். உருண்டு போய்ச் சேந்திருக்கும்" என்றார்.

"கெட்டிப் பந்து உருளாதா அண்ணே?"

"அப்போ மீன். மீனுங்க பள்ளம் பறிக்கும். நீ பாக்காததா?"

பார்த்திருக்கிறான். உள்ளங்கை அகலத்துக்குப் பறிக்கும். தொட்டி அளவுக்குப் பறிக்கும் மீனை அவன் இன்னும் சந்திக்கவில்லை. ஆனால் மேஸ்திரியோடு வாதாடி அவன் என்ன சாதிக்கப்போகிறான்?

அக்கா வீட்டின் பின்னறையில் நான்கு பேசின்கள் வரிசையாக இருக்கும். அங்கேதான் கழுவிப் பிரிப்பது. ஆட்டக்காரர்கள் தங்கள் பந்தை அடையாளம் தெரிய மார்க்கரால் புள்ளியோ எழுத்தோ போட்டிருப்பார்கள். தண்ணீரில் மாதக்கணக்கில் கிடந்தாலும் அந்த மை அழியாது. அன்று கெட்டிப் பந்துகளில் எல்லாம் அழியாமல் இருந்தது. மெத்தைகளில் மை இல்லை. கம்பெனிப் பெயரும் மங்கியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் என்றால் கல்லில் உரசியது என்று சொல்லலாம். சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது.

"யாரோ தினம் எடுத்துப் பிரட்டிப் பிரட்டி வச்ச மாதிரி இருக்குடா" என்றாள் அக்கா. ஒன்றை உள்ளங்கையில் வைத்து மூடினாள். சற்று நேரம் அப்படியே இருந்தாள். பிறகு கெட்டிப் பந்து ஒன்றை மறுகையில் எடுத்துப் பார்த்தாள். "இங்க வா. இது ஜில்லுனு இருக்கு. அது வெதுவெதுன்னு இருக்கு. ரெண்டும் ஒரே பையிலதானே வந்துச்சு?"

அவன் வாங்கிப் பார்த்தான். ஆமாம்.

"ரப்பர் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும்" என்றான். அவனுக்கே அது பதிலாகப் படவில்லை.

அதற்கடுத்த வாரம் பள்ளத்தில் இருபத்திரண்டு இருந்தன. எடுத்துக்கொண்டு, ஒரு சோதனை போல, ஒரு கெட்டிப் பந்தை நடுவில் வைத்துவிட்டு வந்தான். அக்காவிடம் சொல்லவில்லை. மறு திங்கட்கிழமை போனபோது பள்ளத்தில் மெத்தைகள் மறுபடி நிறைந்திருந்தன. கெட்டிப் பந்து ஒரு கையெட்டும் தூரத்தில், சேற்றில் பாதி புதைந்து, தூக்கி எறிந்தாற்போல் கிடந்தது.

மீன் இதைச் செய்யாது என்று நினைத்தபடியே அவன் பள்ளத்துக்குள் கையை விட்டு ஒரு பந்தைப் பிடித்தான்.

அவன் கையின் மேல் ஒன்று வந்து அமர்ந்தது.

மீனின் வழுக்கல் அதில் இல்லை. நகமும் இல்லை. கனமாக, அகலமாக, அந்தப் பந்தின் தோலைப் போலவே மிருதுவாக இருந்தது. அவன் பந்தை விடவில்லை. பயத்தில் விரல்கள் பூட்டிக்கொண்டன. அது அவசரப்படவில்லை. சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாகப் பிரித்தது, தூங்கும் பிள்ளையின் கையிலிருந்து எதையாவது வாங்குகிறவர்கள் பிரிப்பார்களே, அப்படி. கட்டைவிரலைப் பிரித்ததும் பந்து கையிலிருந்து போனது. மற்ற பந்துகளோடு அது சேரும் சின்னச் சத்தம் தண்ணீரில் கேட்டது. பிறகு அவன் கையை மெல்லப் பள்ளத்துக்கு வெளியே நகர்த்தி வைத்தது.

கயிற்றை எத்தனை முறை இழுத்தான் என்று அவனுக்கு நினைவில்லை. மூன்றுக்குக் குறையாது. அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு, காலைப் புல்லில் ஊன்றி, வலையை இழுப்பதுபோல் அவனைக் கரைக்கு இழுத்துப் போட்டாள்.

முகமூடியைக் கழற்றி, கையைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"என்னடா ஆச்சு?"

"கைய எடுத்து விட்டுச்சுக்கா."

"எது?"

"தெரியல."

"கடிச்சுதா?"

"இல்ல. அதுக்குக் கோவமே இல்லக்கா. அதான் பயமா இருக்கு."

அக்கா குளத்தைப் பார்த்தாள். காற்றில் சின்னச் சின்ன அலைகள். மூன்று தாமரை இலை அளவுக்கு அந்த மூலையில் மட்டும் தண்ணீர் அலையாமல் தட்டையாக இருந்தது.

"நம்ம வீட்ல அந்தப் பந்து எத்தனை இருக்கு?"

"நாப்பத்தொண்ணு. இன்னும் கடைக்குக் குடுக்கல."

"இங்கயே இரு. போய் எடுத்துட்டு வரேன். கொண்டுபோய் வச்சிடு."

"மறுபடியும் என்னை உள்ள இறங்கச் சொல்றியா?"

"பின்ன நானா இறங்குறது? எனக்கு நீச்சலே தெரியாது" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பிள்ளை வளத்தவ சொல்றேன். கோவம் வர்றதுக்கு முன்னாடியே திருப்பிக் குடுத்துடணும்" என்றாள்.

அவள் போய் வரும்வரை அவன் கரையில் ஈர உடையோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓடிப்போயிருக்கலாம். பந்து பொறுக்கும் வேலையை விட்டால் வேறு வேலை இல்லாமலா போகும்? ஆனால் அந்த விரல்கள் பிரிந்த விதம் அவனை விடவில்லை. அடித்துப் பிடுங்கியிருந்தால் சண்டை என்று ஆகியிருக்கும். இது அப்படி இல்லை. தவறு தன்மேல் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

மதியம் மறுபடி இறங்கினான். பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பாசியின்மேல் வைத்தான். எதுவும் அவனைத் தொடவில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கனமாக ஒதுங்கி வழிவிட்டது, நெருக்கமான அறையில் ஒருவர் சுவரோரம் நகர்ந்து நிற்பதுபோல. நாற்பத்தொன்றாவதை வைத்துவிட்டுக் கையை எடுக்கும்போது, பாசி அவன் விரல்களுக்கு அடியில் தானாக நகர்ந்தது. போர்வையை இழுத்து விடுவதுபோல் பந்துகளின்மேல் மூடியது.

அதன்பின் அவன் அந்த மூலைக்குப் போகவில்லை. மற்ற இடங்களில் கெட்டிப் பந்துகளை மட்டும் பொறுக்கினான். பல் டாக்டர் கேட்டபோது, "மெத்தை எல்லாம் சேத்துல ஆழமாப் போயிடுது டாக்டர்" என்றான். திங்கட்கிழமைதோறும் அந்தப் பக்கத்துத் தண்ணீர் சூடேறிக்கொண்டே வந்தது. மூன்றாவது மாதம், பத்தடி தள்ளி நீந்தும்போதே விலாவில் உணர முடிந்தது.

அப்போதுதான் வடிகால் குழாய் அடைத்துக்கொண்டது என்று குளத்தை இறைக்க முடிவு செய்தார்கள்.

"ரெண்டு வாரம் கழிச்சு வச்சுக்கலாமே அண்ணே" என்று மேஸ்திரியிடம் கேட்டுப் பார்த்தான்.

"ஏன்? முகூர்த்தம் பாக்கணுமா?"



பம்பு இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலை அவனும் அக்காவும் போனபோது கம்பெனிக்காரரும் வந்திருந்தார். தண்ணீருக்குள் போன மெத்தை ஒன்றுகூடத் திரும்பவில்லை என்ற புகார் அவர் காதுக்கு எட்டியிருந்தது. மேஸ்திரி பலகைகளைச் சேற்றின்மேல் போட்டு வழி செய்திருந்தார். வரிசையாக நடந்து அந்த மூலைக்குப் போனார்கள்.

பள்ளம் இருந்தது. பந்துகள் இல்லை. உறைகள் மட்டும் கிடந்தன, நூற்றுக்கு மேல். ஒவ்வொன்றும் நடுவில் பிளந்து இரண்டு கிண்ணங்களாக இருந்தது. உள்ளே இருந்த உருண்டை ஒன்றில்கூட இல்லை.

கம்பெனிக்காரர் குனிந்து ஒன்றை எடுத்தார். "தண்ணி இறங்கியிருக்கு. ஊதி வெடிச்சிருக்கு. உறை மெல்லிசு இல்லையா, நாங்க எதிர்பார்த்ததுதான்" என்றார்.

"வெடிச்சா உள்ள இருந்த ரப்பர் எங்க சார்?" என்று அக்கா கேட்டாள்.

"கரைஞ்சிருக்கும்மா."

"ரப்பர் கரையுமா?"

 அவர் கிண்ணத்தின் உட்புறத்தை விரலால் தடவினார். நக்கித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. மோந்து பார்த்தார். என்ன மணத்ததோ, முகம் வெளுத்துவிட்டது. கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு எல்லா உறைகளையும் சாக்கில் வாரிப் போட்டார். ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு, யாரிடமும் விடைபெறாமல் காரைக் கிளப்பிக்கொண்டு போனார். அந்தப் பந்து பிறகு கொஞ்சம் தடித்த உறையோடு வந்தது.

தடங்களை முதலில் பார்த்தவர் மேஸ்திரி. பள்ளத்தின் விளிம்பிலிருந்து வடிகால் குழாயின் வாய்வரை ஈரச் சேற்றில் கோடுகள் போயிருந்தன. விரல் அகலம்தான். பக்கம் பக்கமாக, எண்ண முடியாத அளவுக்கு. அவற்றின் நடுவே, நனைந்த சாக்குமூட்டையை இழுத்ததுபோல் ஒரே ஒரு அகலத் தடம். குழாயின் கம்பித் தடுப்பு ஒரு பக்கம் விலகியிருந்தது. அடைப்பு ஏதும் இல்லை. அந்தக் குழாய் சாலைக்கு அடியில் போய் ஆற்றில் விழுகிறது.

 மேஸ்திரி புல் வாரும் வாரியை எடுத்து, பின்பக்கமாக நடந்து, தடங்களை எல்லாம் கலைத்துவிட்டார்.

"மெம்பருங்க கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" என்றார். 

மழை பெய்து குளம் நிறைய ஒன்றரை மாதம் ஆயிற்று. ஆட்டம் நிற்கவில்லை. பல் டாக்டர் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு திங்கட்கிழமை நீர்க்கோழி மறுபடி இறங்கினான். அக்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கயிற்றை மட்டும் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு தடவினான். பந்துகள் விழுந்த இடத்தில் விழுந்தபடி கிடந்தன. மெத்தையும் கெட்டியும் கலந்து, சேற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. மூலைக்குப் போனான். பள்ளம் தூர்ந்திருந்தது. தண்ணீர் எல்லா இடத்தையும் போலவே சில்லென்றிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை. அவன் நிம்மதி அடைந்திருக்க வேண்டும்.

ஆனால் அங்கே மண்டியிட்டிருந்தபோது அவனுக்கு அந்த இருட்டு முதல் முறையாக உறைத்தது. இத்தனை வருடத்தில் இருட்டுக்காக அவன் ஒருநாளும் பயந்ததில்லை. அது தன் தைரியம் என்றே நினைத்திருந்தான். இப்போதுதான் தெரிந்தது, அதுவரை ஒருநாள்கூட அவன் இங்கே தனியாக இருந்ததில்லை என்று.

பை பாதிகூட நிறையவில்லை. கயிற்றை இரண்டு முறை இழுத்தான்.

"இவ்வளவுதானா?" என்று பையைத் தூக்கிப் பார்த்துக் கேட்டாள் அக்கா.

"இன்னிக்கு இது போதும்க்கா" என்றான்.