இறங்காத வீடு

வீட்டைக் கீழே இறக்குங்கள் என்று மட்டும் அந்த வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. படித்து முடித்து ஊர் திரும்பிய நான்காம் நாள் மதியம், தட்டின் முன் உட்கார்ந்தவுடன் சின்னவள் அதைத்தான் கேட்டாள். வீடு ஒன்பது வருடங்களாக மேற்குப் பக்கம் ஒன்றரை முழம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சுவரில் விரிசல் இல்லை, ஓடு ஒன்றுகூட நழுவவில்லை. அளக்க வந்த அதிகாரிகள், கட்டடம் எந்த விதியையும் மீறவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கட்டில்களின் கிழக்குக் கால்களுக்குச் செங்கல் வைத்தாயிற்று. குழம்பை எப்போதும் கிண்ணத்தில்தான் ஊற்றுவார்கள். கீழே விழுந்ததைத் தேடுகிறவர்கள் யோசிக்காமல் கிழக்கு மூலைக்குப் போவார்கள்.

தூக்கியது கொல்லையில் கட்டை மேல் நிற்கும் பழைய படகு. ஆழமில்லாத தண்ணீரில் விசிறி தரை தட்டாமலிருக்க, ஒரு பொத்தானை அழுத்தி என்ஜினை மேலே சாய்க்கும் டில்ட் மோட்டார் அதில் உண்டு. அது பழுதான வருடம் பெரியவனுக்குப் பதினெட்டு வயது, அப்பாவிடம் தொழில் படித்துக்கொண்டிருந்தான். புது ஒயர் ஓட்டினான். பன்னிரண்டு வயதுத் தங்கையைப் படகில் ஏற்றி, "அழுத்துடி" என்றான். அவள் அழுத்தினாள். என்ஜின் அசையவில்லை, வீடு எழுந்தது. சமையலறையில் நின்ற அம்மா தரையோடு சறுக்கி வாசற்படியில் மோதி இடுப்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடியபோது இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. அடுப்பிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போகும்போது சரிவு அந்தக் குறையைச் சமன் செய்துவிடும், ராணி மாதிரி நடப்பாள். திரும்புகிறபோது, குட்டைக் கால் மேட்டுப் பக்கமே இருக்க, பின்னோக்கி நடந்தே வருவாள். யார் செய்தது என்று தெரு கேட்டதற்கு அப்பா, "சின்னதுதான் சுவிட்சை அமுக்கிடுச்சு" என்றார். அன்றோடு பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் போய், அவள் பெயர் சுவிட்சு ஆயிற்று. கடைக்குப் போனால், "சுவிட்சு வருது, கூரையைப் புடிச்சுக்குங்க!" என்பார்கள். அந்தக் குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனவள் எடுத்தது மின்சாரப் பாடம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

"இந்தப் பேச்சை எடுக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்றார் அப்பா, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே.

"எடுக்கலைன்னா நான் செஞ்சதாவே இருந்துட்டுப் போகட்டும்னு அர்த்தமாப்பா? ஒயரைப் பிரிச்சுப் பார்க்கணும். அவ்வளவுதான்."

பெரியவன் சிரித்தான். துறையில் இப்போது அவன் கைபடாத படகு கிடையாது. "படிச்சவங்க பேசுறாங்க, எல்லாரும் கேட்டுக்குங்க. புத்தகத்துல இருக்குற படகு மூழ்காது தாயி."

"உன் ஒயரும் புத்தகத்துல இருந்திருந்தா அம்மா விழுந்திருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து வோல்ட் பார்க்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். சாப்பாடு அப்படியே கிடந்தது.

மதில்மேல் ஆட்கள் சேர அரை மணி நேரம் ஆகவில்லை. புது பேட்டரி வைத்தாள், பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. பொத்தானைத் தொட்டதும் ரிலே டக்கென்று சொன்னது, வீடு ஒரு விரற்கடை எழுந்தது, உள்ளே பாத்திரங்கள் கிழக்கே உருண்டன. "தள்ளி நில்லு சுவிட்சு, எங்க வீட்டையும் தூக்கிடாதே!" என்றார் மதில்மேலிருந்த ஐஸ்காரர். அவள் திரும்பவில்லை. மோட்டாருக்குப் போகிற ஒயரில் குறை இல்லை. மோட்டாரிலிருந்து பேட்டரிக்குத் திரும்புகிற கறுப்பு ஒயரில், பொத்தானை அழுத்தும்போது மீட்டர் ஒன்றுமே காட்டக் கூடாது. எட்டு வோல்ட் காட்டியது. போகிற வழி சரி, திரும்புகிற வழி கெட்டுவிட்டது. ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். பேட்டரிக்கு ஒரு முழம் முன்னால் கறுப்பு தீர்ந்து, அழைப்பு மணிக்குப் போடுகிற மெல்லிய ஒயர் தொடங்கியது. முறுக்கிவிட்ட இடத்தில் செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. அந்த மெல்லிய ஒயர் பேட்டரிக்குப் போகவில்லை. படகின் அடியில் இறங்கி, மண்ணுக்குள் புகுந்து, சுவரேறி, சமையலறை ஜன்னல் கம்பியில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. ஒயர் பத்தாமல் போனவன், இப்போதைக்கு இருக்கட்டும் என்று கையெட்டிய இரும்பில் கட்டியிருக்கிறான். கட்டின் மேல் டேப் இல்லை. சாயம் போன நீலத் துணி, ஓரத்தில் வெள்ளைப் பூ. சமையலறைத் திரையிலிருந்து கிழித்தது. முடிச்சு ஜன்னலுக்கு உள்பக்கம் இருந்தது.

முடிச்சைப் பார்த்துக்கொண்டு அவள் வெளியே நின்றாள். கம்பிக்கு உள்ளே அம்மா நின்றாள்.

"அன்னைக்கே தெரியும்" என்றாள் அம்மா. "இதைக் கொஞ்சம் புடிங்கம்மான்னான். புடிச்சேன். டேப்பு தீர்ந்துபோச்சுன்னான், திரையைக் கிழிச்சுக் குடுத்தேன்."

"அப்பாவுக்கு?"

"அவருக்கும் தெரியும்."

"அப்புறம் ஒன்பது வருஷம் எதுக்கும்மா நான்?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல யோசித்ததாகத் தெரியவில்லை. "அவன் பேரு கெட்டா எவன் படகைக் கொண்டாந்து விடுவான்? நீ பொம்பளைப் புள்ள, என்னைக்கிருந்தாலும் போறவ. உன் பேரு இந்தத் தெருவுல எப்படிக் கெடந்தா என்னன்னு விட்டுட்டோம்." கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கீழ மட்டும் எறக்கிடாதேம்மா. இந்தத் தரை எனக்குப் பழகிடுச்சு. சமதரையில நான் நொண்டி."

படகில், தூக்குகிற பொத்தானுக்குக் கீழேயே இறக்குகிற பொத்தானும் இருந்தது; இரண்டடி நகர்ந்தால் அவள் கட்டைவிரலுக்கு எட்டும். அழுத்தியிருந்தால் வீடு இறங்கியிருக்கும், பெரியவன் போட்ட ஒயர் எங்கே போகிறது என்று மதில்மேல் இருந்த அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். அவள் அழுத்தவில்லை. அது இரக்கமா ஆத்திரமா என்று வீட்டுக்குள் இன்றுவரை இரண்டு பேச்சு உண்டு. கம்பியில் இருந்ததை அறுத்தாள். செம்பைச் சுரண்டிப் பளபளக்க வைத்து, கனமான புது ஒயரைப் பற்றவைத்து, பேட்டரிக்கே கொண்டுபோய் முறுக்கேற்றினாள். பிறகு பொத்தானைத் தொட்டாள். பழைய என்ஜின் முனகிக்கொண்டு எழுந்தது, நின்றது, சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கியது. வீடு இருந்தபடியே இருந்தது. அதற்குப் போகிற வழி இனி இல்லை.

மதில் கைதட்டியது. அப்பா பின்கதவுக்கு வந்து எல்லோருக்கும் கேட்கிற குரலில், "பெரியவன் சொல்லிக் குடுத்தான், செஞ்சுட்டா" என்றார். பெரியவன் தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினான். ஐஸ்காரர், "அதானே பார்த்தேன்!" என்றார்.

அக்கரையில் உள்ள படகுப் பட்டறைக்கு வேலைக்கு வருகிறேன் என்று அவள் திங்கட்கிழமையே பதில் எழுதியிருந்தாள். அன்று வியாழன். அது நீ செய்ததில்லை என்று அப்பா வாயால் ஒரு வார்த்தை கேட்டால் இன்னும் இரண்டு நாள் இருந்து போகலாம் என்றுதான் காத்திருந்தாள். கையைக் கழுவினாள், மீட்டரைப் பையில் போட்டாள். அப்பாவைத் தாண்டி, சரிவான கூடத்தைத் தாண்டி வெளியே வந்தாள். அம்மா கொஞ்ச தூரம் நேராகக் கூடவே வந்து, படிக்கு முன்னால் நின்றுவிட்டாள். "சாப்பிட்டுட்டாவது போ" என்றாள்.

தெருவில் ஐஸ்காரர் கேட்டார், "என்னம்மா, வீடு எறங்கலையா?"

"எறங்காதுண்ணே" என்றாள், நிற்காமல்.