'எங்கிட்ட இருக்கு' என்ற மெஷின்

ஜோஷ்வாவை வெளியே தள்ள ஷஹர்பானுவுக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது.

செங்கல்பட்டு மார்க்கெட்டில் அவள் அத்தா ரஹ்மத்துல்லாவின் மீன் மண்டிக்கு மேலே சின்ன அறை. திரையில் ஜோஷ்வாவின் பெயர். பக்கத்தில் 'நீக்கு'. அழுத்தினாள். பிறகுதான் அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"இன்னா பானு, லாகின் போவ மாட்டேங்குது?" என்றான் அவன், மாமல்லபுரத்திலிருந்து.

"போவாது. நான்தான் எடுத்தேன்."

சிரித்தான். விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும்.

"நேத்து அத்தா போட்ட பேமென்ட் உன் மெஷின்ல வந்து நின்னுது, ஜோஷ்வா. எல்லப்பன் கைக்குப் போவல. இறாலு உங்க மாமா வண்டியில ஏறிடுச்சு."

சிரிப்பு நின்றது.

"மெஷின்ல பதிவாயிருக்கற லாகைத் தொற. ஒரே ஒரு தடவ பாத்துடறேன்."

"அழிக்கறதுக்கா?"

அவன் போனை வைத்துவிட்டான்.

'அலை' என்ற கிரிப்டோ காசை இரண்டு வருஷமாக இருவரும் சேர்ந்துதான் ஓட்டினார்கள். கோவளம் முதல் கல்பாக்கம் வரை படகுக்காரர்கள், ஐஸ் கம்பெனிகள், மீன் வியாபாரிகள் அதில் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். நடுவில் பேங்க் கிடையாது. ஒவ்வொரு கடையிலும் ஒரு சின்ன மெஷின், அதற்குள் ஒரு சிம். ஒரு மெஷினில் போட்ட பேமென்ட் பக்கத்து மெஷினுக்குத் தாவி, அங்கிருந்து அடுத்ததற்குத் தாவி, கரை முழுக்கப் போய்ச் சேரும்.

அங்கேதான் சிக்கல். ஒரே பேமென்ட் நாலு பக்கமிருந்தும் நாலு தடவை வந்து இறங்கும். மத்தியானத்துக்குள் சிம்மில் டேட்டா காலி. மெஷின்கள் ஊமையாகிவிடும்.

ஷஹர்பானு வழி கண்டுபிடித்தாள். முழு பேமென்ட்டை அனுப்பாதே. முதலில் கேள். 'இன்ன நம்பர் பேமென்ட் வந்திருக்கு, வேணுமா?' அந்தப் பக்கம் 'எங்கிட்ட இருக்கு' என்றால் விட்டுவிடு. அந்த நம்பரும் அறுபத்துநாலு எழுத்து நீளம். அதையும் வெட்டினாள். கேஸ் புக்கிங்கா, பேங்க் கார்டா, எங்கே கேட்டாலும் 'கடைசி நாலு நம்பர் சொல்லுங்க'தானே? மெஷினும் கடைசி நாலை மட்டும் சொல்லட்டும்.

டேட்டா சாயங்காலம் வரை தாங்கியது. கொக்கிலமேட்டுப் படகுக்காரர் எல்லப்பன் அவளை 'எஞ்சினியரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

ஜோஷ்வா மட்டும் தலையைச் சொறிந்தான். "நாலு கம்மி, பானு. எப்பனா ரெண்டு பேமென்ட் ஒரே மாதிரி முடிஞ்சா?"

"எப்பனா தானே? அப்ப பாத்துக்கலாம்."

அதற்குப் பிறகுதான் அந்த இறால் நாள். கரையில் ஒரு வழக்கம் உண்டு. காசு விழுந்தால்தான் பெட்டி வண்டியில் ஏறும், அப்பனாக இருந்தாலும் சரி. ரஹ்மத்துல்லா செங்கல்பட்டிலிருந்து இறாலுக்குக் காசு போட்டார். எல்லப்பனின் மெஷினில் விழவில்லை. "போட்டுட்டேன்பா" என்று இவர் போனில் கத்த, "வரலியே பாய்" என்று அவர் கத்த, வெயிலில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. கடைசியில் பெட்டிகள் தர்மராஜ் வண்டியில் ஏறின. தர்மராஜ், ஜோஷ்வாவின் தாய்மாமன்.

ஷஹர்பானு லாகைப் பார்த்தாள். அவள் மெஷின் கேட்டிருந்தது: 'வேணுமா?' எல்லப்பனுக்குப் போகும் வழியில் இருந்த ஜோஷ்வாவின் மெஷின் சொல்லியிருந்தது: 'எங்கிட்ட இருக்கு.' அதோடு சரி. அவன் எல்லப்பனுக்கு எதையும் அனுப்பவில்லை. மறுநாள் காலை அந்தப் பேமென்ட் தானாகவே போய்ச் சேர்ந்தது.

வேறென்ன சாட்சி வேண்டும்? பிடித்து வைத்திருந்தான், மாமன் வண்டி கிளம்பியதும் விட்டுவிட்டான். 'அலை'க்காரர்கள் எல்லாரும் இருந்த போன் குரூப்பில் அப்படியே எழுதினாள். மாமனையும் மருமகனையும் சேர்த்தே நீக்கினாள். தர்மராஜுக்குப் படகுக்காரர்கள் மீன் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஜோஷ்வா மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள்.

மழைக்காலம் வந்தபோது சர்ஃபிங் கடை கீர்த்தனா போன் செய்தாள். "அக்கா, ஐஸ் கம்பெனிக்குப் போட்டது நின்னுபோச்சு. உங்க மெஷின்லதான் நிக்குது."

"என்னுதுலயா?"

லாகைத் திறந்தாள். கீர்த்தனாவின் மெஷின் கேட்டிருந்தது: 'வேணுமா?' ஷஹர்பானுவின் மெஷின் சொல்லியிருந்தது: 'எங்கிட்ட இருக்கு.'

இல்லை. அவளிடம் இருந்தது திருப்போரூர் கடைக்காரர் ஒருவரின் பேமென்ட். கடைசி நாலு எழுத்து மட்டும் ஒன்று.

உடனே பழைய லாகை எடுத்தாள். இறால் நாளன்று ஜோஷ்வாவின் மெஷினில் இருந்த பேமென்ட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டினாள். ஒரு லாட்ஜின் காய்கறிப் பேமென்ட். அத்தாவின் பேமென்ட்டுக்கும் அதற்கும் அதே நாலு எழுத்து. மறுநாள் காய்கறிப் பேமென்ட் முடிந்து மெஷினின் ஞாபகத்திலிருந்து விலகியதும், அத்தாவுடையதற்கு வழி கிடைத்திருக்கிறது.

அவன் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பான்.

மறைமலைநகரில், கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் அவனைப் பிடித்தாள். நீலச் சட்டை. கழுத்தில் அடையாள அட்டை. இளைத்திருந்தான்.

சொன்னாள். முழுக்கச் சொன்னாள்.

"மெஷினுக்கு மெஷின் வேற வேற ரகசிய நம்பர் குடு. அதையும் பேமென்ட் நம்பரோட கலந்து சுருக்குனா, ஒரு எடத்துல மோதுனது இன்னொரு எடத்துல மோதாது. சுத்தி வந்து சேந்துடும்" என்றான். "எழுத்தையும் கொஞ்சம் கூட்டு."

"நீ வந்து பண்ணு, ஜோஷ்வா."

"வரேன்னு வையி. நாளைக்கு இன்னொன்னு நிக்கும். நீ இன்னா பண்ணுவ? மொதல்ல பூட்டுவ, அப்புறம் போன் பண்ணுவ."

அவன் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான்.

"என்ன வுடு. மாமாவுக்கு மீனு தர மாட்றாங்க. கரையில மீன் ஏலத்துல போய்ச் சொல்லு. குரூப்புல இல்ல, ஏலத்துல."

பஸ் வந்தது. ஏறினான். அவள் நின்ற பக்கம் ஜன்னலோரம் இடம் இருந்தும் எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்தான்.

கொக்கிலமேடு கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. தர்மராஜ் கூட்டத்துக்கு வெளியே தள்ளி நின்றார். ஷஹர்பானு எல்லப்பனிடம் கேட்டுக்கொண்டு ஏலத்தை நிறுத்தினாள். தப்பு தன்னுடையது, ஜோஷ்வாவும் மாமனும் எதுவும் செய்யவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னாள்.

எல்லப்பன் கூடையைப் பார்த்தபடி பேசினார். "அன்னிக்கு இறால தர்மராஜு கேக்கல எஞ்சினியரம்மா. கெட்டுப்போவுதேன்னு நான்தான் அவரு வண்டியில ஏத்துனேன்."

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"நீ கேக்கலியே. மெஷினே சொல்லிடுச்சுன்னு குரூப்புல போட்ட. மெஷினு சொன்னா நாங்க இன்னாத்த சொல்றது?"

ஏலம் மறுபடி ஆரம்பித்தது. தர்மராஜ் உடனே விலை கேட்கவில்லை. அவளிடம் வந்தார்.

"எனக்குச் சொன்னது போதும்மா. எங்க அக்காகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடு. திருடன பெத்தவன்னு கோயில்ல பேச்சு வாங்குனது அவதான். வூடு தெரியும்ல?"

"தெரியாது."

"ரெண்டு வருஷம் ஒண்ணா வேலை செஞ்சீங்க."

"வந்ததில்ல."

அவர் கையை நீட்டிக் காட்டினார். "தண்ணி டேங்க் தாண்டி, காலனியில ரெண்டாவது தெரு. பாப்பா வூடுன்னு கேளு."

ஷஹர்பானு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தாள். அந்த அம்மாவிடம் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது என்று டேங்க் வரும்வரை யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. தெருமுனையில் குடத்தோடு வந்த பெண்ணிடம் பாப்பா வீட்டுக்கு வழி கேட்டாள்.

"நான்தான் பாப்பா. நீ யாரும்மா?"