பட்டறைக்காரர் சொன்னதில் பாதி

"ட்ரெய்லருக்கு ஒத்தை அச்சு போதுங்கறாரா, ரெட்டை வேணுங்கறாரா? அதை மட்டும் சொல்லு பாப்பா."

"ஒத்தையே போதுமாம்ப்பா."

"படகு பதினாலு அடி, இன்ஜினோட சேர்த்து முந்நூத்தம்பது கிலோ வரும்னு சொன்னியா?"

"நீங்க எழுதிக் குடுத்த சீட்டையே நீட்டினேன். ஒத்தை அச்சுன்னா வாசல்ல ஒரே ஆள் பிடிச்சுத் திருப்பிடலாமாம். ரெண்டு டயரோட போச்சு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற என்ன சொல்லப் போறாரு?"

நான்கு வருடத்துக்கு முந்தைய அந்தப் பேச்சு சின்னவளின் காதில் ஓடியபோது, அவள் இரண்டு கைகளாலும் ட்ரெய்லரின் மூக்கைத் தூக்கிப் பிடித்திருந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு படகு நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவின் உடலைக் கொண்டுவரும் வண்டி இன்னும் அரை மணியில் வந்துவிடும். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு, செய்தித்தாளை மடியில் வைத்தபடி நாற்காலியில் சாய்ந்தவர்தான். பேப்பர் கீழே விழுந்த சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"யாரையாவது கூப்பிடேண்டி. இடுப்பைப் பிடிச்சுக்கப் போகுது" என்றாள் அம்மா, கதவருகில் நின்றபடி.

"வேண்டாம்மா. வந்துடும்."

வந்தது. மூக்கைக் கொஞ்சம் தூக்கி இடப்பக்கம் ஒரு தள்ளு தள்ளியதும், இருக்கும் இரண்டு சக்கரமும் நின்ற இடத்திலேயே சுழன்று, படகு மொத்தமும் ஒரு கதவைப் போலத் திரும்பி மதிலோரம் போய் நின்றது. ஒரே ஆள் போதும் என்று பட்டறைக்காரர் சொன்னது உண்மைதான். அன்றைக்கு அவள் அப்பாவிடம் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் இருந்தது.

"பக்கத்து ஏரிக்குத்தான்னா ஒத்தையே தாராளம்மா. ஹைவேஸ்ல நெடுந்தூரம் இழுக்கறதா இருந்தா மட்டும் ரெட்டை போட்டுடுங்க. பின்னாடி ஆட்டம் இருக்காது. வழியில ஒரு டயர் போனாலும் மீதி மூணு தாங்கும்." இதுதான் பட்டறைக்காரர் சொன்னது. அதில் முதல் வாக்கியத்தை மட்டும் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மீதியை வழியிலேயே போட்டுவிட்டாள்.

நெடுந்தூரம் எது என்று அவளுக்குத் தெரியும். இருநூற்றெண்பது கிலோமீட்டர். அண்ணன் இருக்கும் ஊர்.

அப்பா முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். டிப்போவில் அவருக்கு 'நாப்பது' என்று பெயர். வேகம் காட்டும் முள் நாற்பதைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. பின்னால் வருகிறவன் எவ்வளவு ஹாரன் அடித்தாலும், "அவசரம்னா நேத்தே கிளம்பியிருக்கணும்" என்பார். அப்படி நிதானமான மனுஷன் பெரியவன் விஷயத்தில் மட்டும் நிதானம் இழந்தார். வேறு ஊரில் வேலை கிடைத்ததை, லாரியில் சாமான் ஏற்றுகிற அன்றைக்குத்தான் பெரியவன் வீட்டில் சொன்னான். "சொல்றதுக்கே மதிப்பு இல்லாத வீட்டுக்கு நீயும் வர வேண்டாம், உன் வீட்டுப் படியை நானும் மிதிக்கலை" என்றார் அப்பா. அவனும் ரோஷக்காரன். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவோடு போனில் பேசுவான். பக்கத்தில் உட்கார்ந்து அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்பார்.

ஓய்வு பெற்றதும் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினார். "எனக்கு முன்னாடியே இதைத்தான் கட்டியிருக்கணும் இவரு" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். பிறகு ஒரு நாள், பெரியவன் ஊருக்குப் பக்கத்தில் பெரிய அணை ஒன்று இருப்பதாகவும், அங்கே நல்ல மீன் கிடைப்பதாகவும் யாரோ சொன்னார்கள் என்று ஆரம்பித்தார். யாரோ எல்லாம் சொல்லவில்லை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அவரே கண்டுபிடித்ததைச் சின்னவள் பார்த்தாள்.

"மீன் பிடிக்கத்தான் போறேன். போற வழியில அவன் வீடு வந்தா நான் என்ன பண்றது?" என்றார்.

பஸ் ஏறிப் போயிருந்தால் மகனைத் தேடிப் போனதாகிவிடும். படகோடு போனால் அணைக்குப் போனதாகும். அதற்குத்தான் ட்ரெய்லர். அதற்குத்தான் ஒத்தையா ரெட்டையா என்று முழங்கால் வலியோடு அந்த மாதம் முழுக்கக் கணக்குப் போட்டார்.

ஒற்றை அச்சு ட்ரெய்லர் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், இரவல் வாங்கிய ஜீப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார். பதினொரு மணிக்கே திரும்பிவிட்டார். "லாரி தாண்டிப் போற ஒவ்வொரு தடவையும் வாலு மாதிரி ஆடுது பாப்பா. நம்மளைப் பத்திக் கவலை இல்லை, பின்னாடி வர்றவன் பிள்ளைகுட்டிக்காரனா இருப்பான். இது ஏரி வண்டிதான்." கை கழுவிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். சின்னவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். வேறு எதுவும் கொடுக்கவில்லை.

வண்டி வந்தது. அப்பாவை இறக்கினார்கள். பத்து மணிக்குப் பெரியவன் வந்தான். முன்மண்டை வழுக்கையாகியிருந்தது. வந்தவன் அப்பாவின் காலருகில் நின்றான். முகத்துக்குப் பக்கத்தில் போக அனுமதி கேட்பவன் போல நின்றான். அம்மாதான் அவன் கையைப் பிடித்து இழுத்து முன்னால் உட்காரவைத்தாள்.

கூடம் நிறைந்தது. டிப்போ ஆட்கள் ஐந்தாறு பேர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

"நாப்பது முதல் தடவையா நம்மளையெல்லாம் ஓவர்டேக் பண்ணிட்டான்யா" என்றார் ஒரு பழைய கண்டக்டர். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து, குளித்து, சின்னவள் வாடகை நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது பட்டறைக்காரர் வந்தார். நகத்திடுக்கில் கிரீஸ் அப்படியே இருந்தது. விஷயம் இப்போதுதான் தெரிந்ததாம். பாதி வேலையில் எழுந்து வந்திருந்தார்.

"போன மாசம்கூடப் பட்டறைக்கு வந்தாரும்மா" என்றார். "இந்த ட்ரெய்லர்லயே இன்னொரு அச்சு சேர்க்க முடியுமான்னு கேட்டாரு. சட்டத்தை வெட்டி நீட்டணும் சார், புதுசு வாங்கறதே மேல்னேன். இந்த வயசுல எதுக்கு சார் ஹைவேஸுன்னும் கேட்டேன். சிரிச்சாரு."

சின்னவள் நாற்காலியை மடக்குவதை நிறுத்தினாள்.

"இதை ஆரம்பத்துலயே சொல்லியிருக்கலாமேப்பான்னாரு. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. தொழில்ல அப்படி ஒரு பேரு நான் வாங்கினது இல்லை. அன்னிக்கே உங்க பொண்ணுகிட்ட விவரமாச் சொன்னேனே சார்னேன்."

"அதுக்கு... என்ன சொன்னாரு?"

"அந்தப் பக்கம் நின்ன வண்டியைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம், ஆமாமா, சொன்னா, நாந்தான் மறந்து தொலைச்சிட்டேன்னாரு. வயசாச்சுல்ல." அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "நல்ல மனுஷன்மா. நட்டு போல்ட்டுகூட முறுக்கிப் பாத்துத்தான் வாங்குவாரு. அண்ணன் உள்ளயா? பாத்துட்டுப் போறேன்."

அவர் உள்ளே போனார். சின்னவள் கையிலிருந்த நாற்காலியை விரித்து அதிலேயே உட்கார்ந்தாள்.

போன மாதம் ஒரு மாலை. பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் நாள் முழுக்க நோயாளிகளோடு மல்லுக்கு நின்றுவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் காத்திருந்தார். அவள் பையை வாங்கிக்கொண்டார். அப்படி வாங்குகிறவரே இல்லை. "உனக்கு இங்க எல்லாம் சரியா இருக்கா பாப்பா?" என்று கேட்டார். ஏன்ப்பா என்றாள். சும்மாதான் என்றார். டீ போடட்டுமா என்றார். அவர் போட்ட டீயில் சர்க்கரை கரையாமல் அடியில் கிடந்தது. "உங்களுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்" என்று அவள் சலித்துக்கொண்டாள்.

தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். ஒரு மாதம் தெரிந்தே இருந்திருக்கிறார். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம்.

ஆறு மணிக்குப் பெரியவன் வெளியே வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான்.

"படகை அதோட இடத்துல விட்டுடலாமா? காலையில என் காரை வெளிய எடுக்கணும்."

"காலையிலயேவா கிளம்பறே?"

"லீவு இல்லை. காரியத்துக்கு வந்துடறேன்." அவன் அவளைப் பார்க்காமல் குனிந்து ட்ரெய்லரின் மூக்கைப் பிடித்தான். "எப்படி இது, ரெண்டு பேரும் தூக்கணுமா?"

"ஒரே ஆள் போதும்."

தூக்கினான். சுலபமாக வந்ததும் ஆச்சரியப்பட்டான். அவள் படகின் பின்பக்கம் கை வைத்துத் தள்ளினாள். மதிலை விட்டு விலகி, முற்றத்தின் நடுவே வந்தது படகு.

"பட்டறைக்காரர் ரொம்ப வருத்தப்பட்டாரு" என்றான் அவன், நடந்துகொண்டே. "நல்லாப் பேசினாரு. அப்பாவுக்குப் பழக்கம் போல." சற்றுப் பொறுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பாப்பா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. கடைசி வரைக்கும் அவருக்கு என் மேல கோவம் தீரலை, இல்ல? ஆறு வருஷம். ஒரு தடவை வந்து எட்டிப் பாக்கணும்னு தோணலை அவருக்கு."

தீரலை அண்ணா என்று சொல்லிவிடலாம். தலையை ஆட்டினால்கூடப் போதும். பட்டறைக்காரர் போய்விட்டார். அப்பாவும் காட்டிக்கொடுக்கவில்லை. அவனுடைய சட்டை முதுகு வேர்வையில் ஒட்டியிருந்ததைப் பார்த்தபடி சின்னவள் நின்றாள். அவள் தள்ளுவதை நிறுத்தியதும் படகும் நின்றது.

"வரணும்னுதான் இருந்தாரு" என்றாள்.

"யாரு?"

"அப்பா. உங்க ஊர் அணைக்குப் படகை இழுத்துட்டு வரணும்னு. அதுக்குத்தான் இந்த ட்ரெய்லரே வாங்கினாரு. ரெட்டை அச்சு வாங்கியிருந்தா வந்திருப்பாரு. தூரம்னா ரெட்டைதான் வேணும்னு பட்டறையில என்கிட்டச் சொன்னாங்க. நான் அப்பாகிட்டச் சொல்லலை. ஒத்தை போதும்னுட்டேன். இதோட ஒரு தடவை கிளம்பிப் பாத்தாரு. ஆடுதுன்னு பாதி வழியில திரும்பிட்டாரு."

பெரியவன் திரும்பினான். மூக்கைக் கீழே வைத்தால் படகு முன்னால் சாய்ந்துவிடும். வைக்க முட்டுக்கல் அவன் பக்கத்தில் இல்லை. அதனால் பிடித்தபடியே நின்றான்.

"மறந்துட்டியா?"

"இல்லை. தெரிஞ்சேதான்."

உள்ளே அம்மா யாரிடமோ, "பெரியவன் சாப்பிட்டானா பாரு" என்று சொல்வது கேட்டது.

"போன மாசம் அவருக்கும் தெரிஞ்சுடுச்சு. என்னை ஒரு வார்த்தை கேக்கலை."

"ஏண்டி?" அவன் குரல் உடைந்து, சின்ன வயதில் சண்டையில் தோற்றால் வருமே, அந்தக் குரலாக வந்தது. "நான் உனக்கு என்னடி பண்ணினேன்? ஆறு வருஷமா நான்... அவர் என்னை வெறுக்கறாருன்னே நெனச்சிட்டு..." மேலே பேச முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். பிடி தளர்ந்து மூக்கு கொஞ்சம் இறங்கியது. சின்னவள் சுற்றி வந்து, அவன் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்து, இரும்பைப் பிடித்துக்கொண்டாள். அவன் விலகவில்லை; அவளைப் பார்க்கவும் இல்லை.

"அவர் அங்க வந்துட்டா சமாதானமாயிடும். அப்புறம் நீ இங்க வரவே மாட்டேன்னு நெனச்சேன். அப்பா அம்மா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய் அங்கயே வச்சிக்குவே. நான் இந்த வீட்டுல தனியாக் கிடக்கணும். நீதான் இறங்கி வரணும்னு பிடிவாதம் பிடிச்சேன். ஆனா வான்னு உன்னை ஒரு தடவைகூடக் கூப்பிடலை. ஞாயித்துக்கிழமை அம்மா பேசி முடிச்சதும் போனை என்கிட்ட நீட்டுவாங்க. ஒவ்வொரு தடவையும் இன்னிக்குக் கேட்டுடணும்னுதான் வாங்குவேன். வாங்கி, மழை உண்டா, வெயிலான்னு கேட்டுட்டு வச்சிடுவேன்."

தெருவிளக்கு எரிந்தது. படகின் பக்கவாட்டில் இருவர் நிழலும் விழுந்தது. பாரம் இரண்டு பேர் கையிலும் சமமாக இருந்தது.

"நாளைக்குப் போகாத அண்ணா" என்றாள் சின்னவள். "வீட்டுக்கு வா. கொஞ்ச நாள் எங்களோட இரு."