நம்மாத்துப் பண்டிகை

கபாலியின் உச்சந்தலையில் காய்ச்சின நல்லெண்ணெயை வைத்து ஜானு தேய்த்துக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து நாத்தனார் தர்மாம்பாளின் குரல் வந்தது. "கங்காதரா, ஓடி வாடா!" என்று ஒரு கூப்பாடு. அதற்கப்புறம் வெறும் அழுகை. கோலம் போட்ட மணைகளில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் இரண்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்தன. சின்னவள் நீரஜாவின் முறை இன்னும் வரவில்லை. ஜானு எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.

மாமனார் சுப்பராமன் போய்விட்டிருந்தார். நவராத்திரியின்போது பக்கவாதத்தில் விழுந்தவர். வலது பக்கம் போயிற்று, நாக்கும் எழவில்லை. மாம்பலத்திலிருந்து மூத்த பெண் தர்மாம்பாள் வந்து தங்கி, தம்பி கங்காதரனோடு சேர்ந்து ராப்பகலாகப் பார்த்துக்கொண்டாள். டாக்டர் எப்போதோ கையை விரித்துவிட்டார். எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் 'இன்றைக்கா' என்றுதான் ஜானுவுக்கு முதலில் தோன்றியது. இதென்ன நினைப்பு என்று உடனே தன்மேலேயே வெட்கமாகவும் இருந்தது.

அந்த வீட்டில் தீபாவளி கிடையாது. சுப்பராமனின் தகப்பனார் ஒரு தீபாவளியன்று விடியற்காலை ஸ்நானத்துக்குப் போனவர், கிணற்றடியிலேயே விழுந்து இறந்தார். பண்டிகையன்று வீட்டு மனுஷர் தவறினால் அந்தப் பண்டிகை அந்தக் குடும்பத்துக்கு இல்லை. பின்னால் என்றைக்காவது அதே நாளில் அந்த வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால்தான் திரும்பி வரும். அதற்கப்புறம் வீட்டில் குழந்தைகள் பிறக்கத்தான் செய்தன. ஒன்றாவது ஐப்பசிச் சதுர்த்தசி பார்த்துப் பிறக்க வேண்டுமே! மயிலாப்பூர் முழுக்கத் தடதடவென்று அதிர்கிற காலையில் இந்த வீடு மட்டும் ரசமும் சாதமும் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தது. கங்காதரன் அப்படியே வளர்ந்து, மீசை முளைத்து, கல்யாணமும் ஆகி, ஒரு மத்தாப்பைக் கையில் பிடிக்காமலே இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனும் ஆனான்.

ஜானுவால் அதைச் சகிக்க முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளியன்று கபாலி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுப் பையன்களையே பார்த்தபடி நின்றான். அழவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். அன்றைக்கே முடிவு பண்ணினாள். பஞ்சாங்கத்தில் இருக்கிற நாள்தானே நமக்கு ஆகவில்லை, பஞ்சாங்கத்துக்குத் தெரியாத நாள் ஒன்றைப் பிடிப்போம். தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கங்காதரனுக்கும் ஆபீஸ் கிடையாது. காலையில் எண்ணெய் ஸ்நானம், அப்புறம் வெல்லம் போட்டுக் கிளறின ஒக்காரை, லேகியம், சாயங்காலம் மத்தாப்பு. மத்தாப்பு வாங்க ராயப்பேட்டையில் இனாயத்தின் கடைக்குக் கணவனைத் துரத்தினாள்.

"இன்னா சாமி, ஊரே வெடிச்சி முடிச்சிடுச்சி, இப்ப வந்து கேக்கிறீங்க? மிச்சம்தான் கீது. பாதி வெலைக்கு எடுத்துக்கினு போங்க" என்றானாம் இனாயத். பாதி விலை என்றதும் கங்காதரனுக்கே அந்தப் பண்டிகையில் பக்தி வந்துவிட்டது. குழந்தைகள் அதற்கு 'நம்மாத்துப் பண்டிகை' என்று பெயர் வைத்தன.

மாமனார் முதல் வருஷம் "கூத்து" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். போன வருஷம், ஒக்காரை இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கபாலியிடம் கேட்டனுப்பினார். அது சம்மதமா, வெறும் நாக்கு ருசியா என்று ஜானுவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

வாத்தியார் வந்து திதி பார்த்தார். வாசலில் பச்சை மூங்கில் வந்து இறங்கியது. கூடத்தில் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்த தகப்பனாரின் பக்கத்தில் தர்மாம்பாள் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது அவள் குரல் கம்மிவிட்டது. எண்ணெய் வழியும் தலையோடு தூணருகே நின்ற கபாலி அவள் கண்ணில் பட்டான்.

"ஜானு, இதையும் இத்தோட விட்டுடணும்" என்றாள்.

"எதை அக்கா?"

"இந்த ஞாயித்துக்கிழமைப் பண்டிகையைத்தான். அப்பா போன நாளாச்சே. தீபாவளி மாதிரி இதுவும் இனிமே நம்மாத்துக்குக் கிடையாது."

வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பஞ்சாங்கத்துலயே இல்லாத பண்டிகைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்கோ. எண்ணெய் தேய்ச்சுண்டு பட்சணம் பண்ணித் தின்னா அது பண்டிகைதான்" என்றாள் தர்மாம்பாள். இத்தனை நாளும் அதைப் பண்டிகை என்று ஒத்துக்கொள்ளாதவள், நிறுத்துவதற்காக இன்றைக்கு ஒத்துக்கொண்டாள். "எங்க தாத்தா போன அன்னிக்கு எனக்குத் தலை தீபாவளி. பதிமூணு வயசு. எண்ணெய் தேய்ச்சுக்க மணையில உக்காந்தவளை எழுப்பி விட்டா. அதுக்கப்புறம் எனக்குத் தீபாவளின்னா அதுதான் ஞாபகம். நான் பொறுத்துக்கலையா?"

சொல்லும்போதே அவளுக்கு மறுபடி அழுகை வந்தது. இந்த அழுகை அப்பாவுக்காகவா, அந்தப் பதிமூன்று வயசுப் பெண்ணுக்காகவா என்று அவளுக்கே தெரிந்திராது. ஜானுவுக்கு அவளை நினைத்துப் பாவமாக இருந்தது. அதற்காக விட்டுக்கொடுத்துவிட முடியுமா என்ன?

கபாலி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, இனிமே நமக்கு எதுவுமே கிடையாதா?"

"உண்டுடா" என்றாள் ஜானு. வேண்டிய அளவுக்கு மேலேயே குரல் உரக்க வந்துவிட்டது. "தாத்தாவே நிறுத்தப்படாதுன்னு சொல்லியிருக்கார்."



"எப்போடீ சொன்னார்?" என்றாள் தர்மாம்பாள்.

"நேத்து மத்தியானம். நீங்க குளிக்கப் போயிருந்தப்போ. நான் கஞ்சி கொடுத்துண்டிருந்தேன்."

"தீர்த்தம் வேணும்னாலே கண்ணைக் காட்டினவர். நாக்கு எழாதவர். உங்கிட்ட மட்டும் வாயைத் திறந்து சொன்னாராக்கும்?"

செத்தவரின் காலடியில் நின்றுகொண்டு பொய் சொல்கிறோமே என்று ஜானுவுக்கு உறைத்தது. அவர் முகத்தை ஒருதரம் பார்த்தாள். அதில் ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. முந்தானையைப் பிடித்திருந்த சின்னக் கை அதை இன்னும் விடவில்லை.

"சொன்னார் அக்கா" என்றாள் மறுபடியும்.

கங்காதரன் ஈர வேஷ்டியோடு, விரலில் தர்ப்பைப் பவித்திரம் போட்டுக்கொண்டு வாத்தியாருக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அக்கா கிழித்த கோட்டை அவன் தாண்டினதே இல்லை. காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்றால்கூடப் பேசாமல் குடித்துவிட்டுப் போகிற மனுஷன். அவன் தலையை நிமிர்த்தாமல், "அப்போ எங்கிட்டயும் சொன்னார்" என்றான்.

நேற்று மத்தியானம் அவன் ஆபீசில் இருந்தான். அது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். தர்மாம்பாள் தம்பியை வெகுநேரம் பார்த்தாள். இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியாதா?  திரும்பி அப்பாவின் அங்கவஸ்திரம் நலுங்கியிருந்ததைச் சரி பண்ணினாள். வாத்தியார் மந்திரத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்குப் போனவர்கள் திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிட்டது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, ஆளுக்கொரு முழுக்குப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு மாமி கொண்டுவந்து வைத்த சாதத்தைக் குழந்தைகள் மட்டும் சாப்பிட்டன. சாப்பிட்ட இடத்திலேயே நீரஜா சுருண்டு தூங்கிப்போனாள். கங்காதரன் கூடத்துச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஜானுவுக்கு இருந்தது. அவன் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

தர்மாம்பாள் தூங்குகிற குழந்தையின் அருகே போய் உட்கார்ந்தாள்.

"ஒரு வருஷம் முடிஞ்சு அப்பாவோட வருஷாப்திகம் ஆகறவரைக்கும் ஒண்ணும் கிடையாது" என்றாள்.

"சரி அக்கா" என்றாள் ஜானு.

"அது முடிஞ்சு வர மொத ஞாயித்துக்கிழமைதான். அவசரப்பட்டு முன்னாடியே வச்சுண்டு நிக்காதே."

"சரி."

"வெடி கூடாது. வயசானவா இருக்கிற தெரு."

"சரி அக்கா."

 தெருவில் பால்காரன் மாட்டை ஓட்டிக்கொண்டு போனான்.

"கொழந்தைகளுக்குப் புதுசு எடுக்கற வழக்கம் உண்டா?"

"இதுவரைக்கும் எடுத்ததில்லே அக்கா."

"நன்னாருக்கு. புதுசு இல்லாம என்ன பண்டிகை" என்று முணுமுணுத்தாள் தர்மாம்பாள்.

நீரஜாவின் காலை மெதுவாக நீட்டிவிட்டாள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் சாண் வைத்து அளந்தாள். ஒரு வருஷத்தில் வளர்ந்துவிடுவாளே என்று, மேற்கொண்டு இரண்டு விரற்கடை கூட்டிக்கொண்டாள்.