இரண்டாவது அப்பெண்டிக்ஸ்

மனுஷனுக்குக் குடல்வால் ஒன்றுதான். அதை ஒரு தடவை வெட்டி எடுத்துவிட்டால் அத்தோடு கதை முடிந்தது. இது பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிறவனுக்கும் தெரியும். தெரியாதவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் டைம்கீப்பரம்மாவின் வீட்டுக்காரர். இன்னொருவர் அவருடைய அக்கா. அந்த இரண்டு பேர் புண்ணியத்தில்தான் அந்தத் திங்கட்கிழமை காலையில் டைம்கீப்பரம்மா மேனேஜர் அறைக்கு வெளியே மர பெஞ்சில் விசாரணைக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை அவளுக்கு ஆபரேஷன். லீவு இன்னும் கைக்கு வரவில்லை.

டைம்கீப்பர் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். டிப்போ கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று ட்ரிப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காலை நெரிசலில் நாலு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. லேட்டாக வந்த டிரைவர்கள் ஜன்னலில் தலையை நீட்டி ஆளுக்கொரு கதை விடுவார்கள். பஞ்சர் என்பான், சக்கரத்தில் கை வைத்த அடையாளமே இருக்காது. ரோட்டில் மரம் விழுந்தது என்பான், பின்னாலேயே வந்த பஸ்ஸுக்கு மட்டும் அந்த மரம் எழுந்து வழிவிட்டிருக்கும். பன்னிரண்டு வருஷமாக இதையெல்லாம் கேட்டவள் அவள். "ஷீட்ல நேரம்தான் எழுதுவேன், கதை எழுத மாட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். அதனால் டிரைவர்களுக்கு அவள்மேல் ரொம்பப் பாசம். எப்போது வழுக்கி விழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்டவளின் லீவு கணக்கில்தான் எந்த டிரைவரும் விடாத புளுகு ஏறிக் கிடந்தது.

வலி அவளுக்குப் பதினாலு வயதில் ஆரம்பித்தது. மாதவிலக்கு வந்தால் மூன்று நாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். இடுப்பில் ஆரம்பித்துத் தொடை வரைக்கும் யாரோ உள்ளே இருந்து முறுக்கிப் பிழிகிற மாதிரி இருக்கும். முதலில் பார்த்த டாக்டர், எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான், நீ கொஞ்சம் பயந்த சுபாவம் என்றார். இரண்டாவது மகானுபாவர், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். ஆனது. சரியாகவில்லை. மூன்றாமவர் ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார். குழந்தை வரவில்லை, அதற்கும் காரணம் இதே வியாதிதான் என்பது அந்த மேதைக்கு எட்டவில்லை. நாலாமவர் டென்ஷனைக் குறைக்கச் சொன்னார். கல்யாணம் என்ன மாத்திரையா, பிள்ளை என்ன டானிக்கா? இவர்களெல்லாம் படித்துப் பட்டம் வாங்கிச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

டிப்போவிலும் வலிக்கு ஒரு மரியாதை உண்டு, ஆனால் ஆள் பார்த்துத்தான். போன வருஷம் யூனியன் செயலாளருக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. அவரும் ஒரு டிரைவர்தான், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டிப்போ முழுக்க உலாத்தினார். மேனேஜர் தானே போய் நலம் விசாரித்தார். மூன்று நாள் லீவு, அதுவும் வாய்மொழியாக. அதே வாரத்தில் கூண்டுக்குள் ஒருத்தி வெந்நீர்ப் பையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அதன்மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, அறுபத்திரண்டு பஸ்ஸுக்கு நேரம் எழுதினாள். அவளை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

கடைசியில் ஒரு டாக்டரம்மா கிடைத்தார். அவர்தான் முதன்முதலில், மாதத்தில் எத்தனை நாள் எழுந்திருக்க முடியாமல் போகிறது என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டார். ஸ்கேன் எடுத்தார், மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சதை மாதிரி ஒன்று வெளியே வளர்கிறது, சினைப்பை மேல், குடல் மேல். மாதாமாதம் அதுவும் வீங்கி ரத்தம் விடுகிறது, அந்த ரத்தம் வெளியே போக வழியில்லை, உள்ளேயே புண்ணாகித் தழும்பாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. பெயர் எண்டோமெட்ரியோசிஸ். முழுக்க விட்டுப் போகும் என்று பொய் சொல்ல மாட்டேன், மாத்திரையால் அடக்கி வைக்கலாம், தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்யலாம், இதோடு வாழப் பழகலாம் என்றார். டைம்கீப்பரம்மா அன்றைக்கு அழுதாள். வியாதி வந்ததற்கு அல்ல. வியாதி என்று ஒருத்தர் சொன்னதற்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் ஆபரேஷன், சினைப்பைக் கட்டியை எடுத்தார்கள். அதற்கு லீவு எழுதும்போதுதான் நாத்தனார் களத்தில் இறங்கினார். அந்தக் குடும்பத்தில் எது வெளியே போகலாம், எது போகக் கூடாது என்று தீர்மானிப்பது அவர்தான். கர்ப்பப்பை, சினைப்பை என்ற வார்த்தையெல்லாம் ஆபீஸ் காகிதத்தில் ஏறலாமா, நாலு ஆம்பளைகள் படிப்பார்களே, பிள்ளை இல்லாத காரணம் ஊருக்கே தெரிந்துவிடுமே, தம்பிக்குத் தலைகுனிவு ஆகாதா? அப்பெண்டிக்ஸ் என்று எழுது, அது கௌரவமான வியாதி, ஆம்பளைக்கும் வரும். தம்பி எழுதினார். ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டில் வயிற்று அறுவை சிகிச்சை என்று மட்டும் இருந்ததால் யாரும் கேட்கவில்லை. அவளும் அன்றைக்குத் தலையாட்டினாள், அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. ஊரார் பொய்யையெல்லாம் ஜன்னலிலேயே திருப்பி அனுப்புகிறவள், வீட்டுப் பொய்யைக் கையெழுத்துப் போட்டு உள்ளே விட்டாள்.

இப்போது அந்தச் சதை சிறுநீர்க் குழாயை நெரிக்கிறது. வலது கிட்னி வீங்கிவிட்டது. கிட்னி கெடும்போது வலித்துக்கூடச் சொல்லாதாம், பேசாமல் செத்துவிடுமாம். டாக்டரம்மாவும் கிட்னி சர்ஜனும் சேர்ந்து நிற்க வேண்டிய ஆபரேஷன். இரண்டு பேருக்கும் ஒத்துவந்த நாள் வியாழக்கிழமை. அதை விட்டால் அஞ்சு மாதம் கழித்துத்தான், அதுவரை கிட்னி தாங்காது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆறு வாரம் லீவு வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் போனால் வேலை போய்விடும்.

லெட்டர் எழுத வேண்டிய அன்றைக்கு அவள் பாத்ரூம் தரையில் கிடந்தாள். வீட்டுக்காரர், நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று புறப்பட்டார். அவர் கண்ணாடிக் கடையில் வேலை, ஊரில் உள்ள கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்கிறவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அக்காவுக்கு ஒரு போன் போடாமல் செருப்பைக்கூட மாட்ட மாட்டார், அவ்வளவுதான். போட்டார். போன தடவை எழுதின மாதிரியே எழுது என்றார் அக்கா. ஒரு அட்சரம் பிசகாமல் எழுதினார் தம்பி: அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்.

கிளார்க் பழைய ஃபைலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வெள்ளிக்கிழமை மெமோ வந்தது. பொய்க் காரணம் காட்டி லீவு கேட்டதாகக் குற்றச்சாட்டு, கடிதம் எழுதிய கணவரோடு திங்கட்கிழமை வந்து விளக்கம் தர வேண்டும். சாயங்காலத்துக்குள் டிப்போ முழுக்க அவளுக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது, டபுள் அப்பெண்டிக்ஸ். அவள் லேட் போட்ட டிரைவர்களெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு வெளியே போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் நேரிலேயே வந்தார், தப்பைச் சரிசெய்ய. எப்படி? இன்னொரு தப்பால்தான். இந்தத் தடவை கிட்னியில் கல், தம்பி பதட்டத்தில் மாற்றி எழுதிவிட்டான் என்று சொல்லிவிடு என்றார். அடுத்த தடவை என்ன அக்கா சொல்றது, பித்தப்பையா, கல்லீரலா, இதுக்குன்னு எத்தனை உறுப்பைத்தான் வாடகைக்கு எடுக்கிறது என்று கேட்டாள். அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, உனக்கு நல்லதுக்குத்தானே சொல்கிறேன் என்றார். எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். இருபத்தோரு வருஷமாக அவளுக்கு நல்லது நடந்தபடியே இருக்கிறது.

பியூன் வந்து உள்ளே கூப்பிட்டான். மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், பக்கத்தில் சாட்சிக்கு யூனியன் செயலாளர், அதே கடைவாய்ப் பல்காரர். மேனேஜர் இரண்டு கடிதத்தையும் அருகருகே வைத்து ரசித்துப் பார்த்தார். எல்லாருக்கும் ஒண்ணு கொடுத்த கடவுள் உங்களுக்கு மட்டும் ரெண்டு கொடுத்திட்டாரா என்று கேட்டார். செயலாளர் சிரித்தார். பல்லெல்லாம் இப்போது நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அது வந்து சார், கிட்னியில் கல், அவசரத்தில் நான்தான் என்று அக்கா பாடத்தை ஒப்பிக்க ஆரம்பித்தார். டைம்கீப்பரம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கல்லும் இல்ல, குடல்வாலும் இல்ல சார். ரெண்டு தடவையும் எழுதினது பொய். எனக்கு எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள்ள இருக்க வேண்டியது வெளியில வளருது. மாசாமாசம் உள்ளேயே ரத்தம் கசியுது. இப்போ சிறுநீர்க் குழாயை அடைச்சிருக்கு. வியாழக்கிழமை எடுக்கலேன்னா வலது கிட்னி போயிடும்."

மேனேஜர் பேப்பர் வெயிட்டை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றினார். செயலாளருக்குச் சுவர் காலண்டரில் அவசரமாகப் பார்க்க வேண்டிய தேதி ஏதோ இருந்தது. தினம் டிப்போ வாசலில் நின்று அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டுகிற வாய்கள் இவை. கர்ப்பப்பை என்ற ஒரு வார்த்தையைக் காதில் வாங்க முடியவில்லை. இவர்களுக்குப் பயந்தா இரண்டு வருஷம் பொய் சொன்னோம் என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

மேனேஜர் குரலை இறக்கினார். இதெல்லாம் லேடீஸ் சமாச்சாரம், ரெக்கார்டில் எதற்கு என்றார். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன மாதிரி கிட்னி கல் என்றே எழுதிக் கொடுங்கள், இந்த இரண்டாவது கடிதத்தை அவசரத்தில் வந்த தப்பு என்று முடித்துவிடுகிறேன், மெமோவும் வேண்டாம், லீவு இப்போதே போட்டுத் தருகிறேன் என்றார். உள்ளதை எழுதினாலும் லீவு உண்டு, ஆனால் முதல் லீவு பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், அது சர்வீஸ் புத்தகத்தில் ஏறும், ப்ரமோஷன் சமயத்தில் இடிக்கும் என்று அக்கறையாகவும் சொன்னார். வீட்டுக்காரர் அவள் முழங்கையை மெல்லத் தொட்டு, நல்லா சொல்றார் இல்ல என்றார்.

பொய்க்கு ஒன்றும் இல்லை, உண்மைக்குத் தண்டனை. அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள், யோசிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான். ஆனால் இந்த வியாதி வியாழக்கிழமையோடு விட்டுப் போகிற ஜாதி இல்லை. நாளைக்கு இன்னொரு ஆபரேஷன் வரலாம், மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போகலாம், எழுந்திருக்க முடியாத நாள் வரும். ஒவ்வொரு தடவையும் இந்த மேஜைக்கு முன்னால் புதுசாக ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வர அவளால் ஆகாது.

"உள்ளதையே எழுதறேன். மெமோ இருந்தா இருக்கட்டும், லீவைக் குடுங்க" என்றாள்.

மேனேஜர் உன் இஷ்டம் என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கி, மருத்துவ லீவு படிவத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போடப் பேனா மூடியையும் கழற்றி வைத்துக்கொண்டார். அவள் படிவத்தை எடுத்து வீட்டுக்காரர் முன்னால் வைத்தாள். பொய்யை எழுதின கை எதுவோ அதுவே எழுதட்டும் என்றாள். அவர் மேனேஜரைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார், போன் வைத்திருந்த சட்டைப் பையைக்கூட ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். அக்காவுக்குப் போன் போடுகிற இடம் அது இல்லை. குனிந்து எழுத ஆரம்பித்தார்.

நோயின் பெயர். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். பாதிக்கப்பட்ட உறுப்பு. கர்ப்பப்பைக்கு வெளியே, சிறுநீர்க் குழாயில். கர்ப்பப்பை என்று எழுதும்போது காது சிவந்தது, எழுதினார். முந்தைய அறுவை சிகிச்சை, அதன் உண்மையான காரணம். எழுதினார். அடுத்த கட்டம், நோய் எவ்வளவு காலமாக உள்ளது. அதற்கு அவர் யாரையும் கேட்கவில்லை, தெரிந்த விஷயம்தானே என்று தானாகவே 'இரண்டு வருடம்' என்று எழுதினார்.

"அதை அடிங்க. இருபத்தோரு வருஷம்" என்றாள்.

அவர் அடித்தார். பிறகு விரல் மடக்காமல் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, தலையைத் தூக்கினார். பதினோரு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற மனுஷன், முதன்முதலாக அவளை ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சா?"

"கல்யாணத்தன்னைக்கும் இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரியும் இருந்துச்சு. வலிக்குதுன்னு சொன்னேன். போகப் போகப் பழகிடும்னு சொன்னீங்க. எழுதுங்க."

அவர் எழுதினார். அடித்த 'இரண்டு வருடம்' பக்கத்திலேயே தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டாள்.