ஃபில்டர் மேல் மஞ்சள் கோடு

அன்று மதியம் ஷெட்டில் இருந்தவர்கள்: மருமகள், அவளுடைய கொழுந்தன் சின்னவன், மாமியார், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். அப்புறம் ஒரு புது வண்டி. மருமகளின் புருஷன் பெரியவனையும் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் தகராறு. அவன் செத்து வருஷம் திரும்பிவிட்டது. இதே ஷெட்டில் யாரோ ஒருவருடைய வண்டிக்கு அடியில் மல்லாந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், ஸ்பானரை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே போய்ச் சேர்ந்தான். வண்டிக்காரர் வந்து காலைத் தட்டி, "மேஸ்திரி, முடிஞ்சுதா?" என்று கேட்டபோது முடிந்திருந்தது வேலை மட்டுமல்ல.

மருமகள் ரத்தப் பரிசோதனைக்கூட வேலை படித்தவள். படித்ததோடு சரி, கல்யாணத்துக்கு அப்புறம் ஊசியைத் தொட்டதில்லை. இப்போது வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவரும் வேலை. சொந்த வண்டி இருந்தாக வேண்டும். திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதற்காகத்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள், அதற்காகத்தான் இந்தக் காரையும் வாங்கினாள்.

வண்டி சமர்த்தாக ஓடியது. கடைக்குப் போனால் போகும், வந்தால் வரும். ஊருக்குப் போகத் துணிமணி அடுக்கிய பெட்டியை டிக்கியில் வைத்துக்கொண்டு தெருமுனையைத் தொட்டால் மட்டும் டாஷ்போர்டில் எண்ணெய்க்குடம் படம் போட்ட சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கு எரிந்தால் எண்ணெய் மேலே ஏறவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் ஓட்டினால் இன்ஜின் இறுகிப்போகும். திரும்பி வந்து பெட்டியை இறக்கினால் விளக்கு அணைந்துவிடும். ஷோரூம்காரர்கள் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று சிரித்து அனுப்பினார்கள்.

"ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திப் பாத்துடலாம் அண்ணி," என்றான் சின்னவன். அண்ணன் போனபின் ஷெட்டை நடத்துபவன் அவன்தான். "கெரகம், எது எதுல ஒளிஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்."

கடைக்காரருக்கு சீல்காரர் என்று பட்டப்பெயர். எந்தக் கேனை எடுத்தாலும் முதலில் சீலைக் காட்டாமல் கொடுக்கமாட்டார். அன்றைக்கும் பையோடு வந்து எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினார்.

"சீலப் பாருங்க மேடம். மூடியத் தொறந்து உள்ள இருக்கறதையும் பாருங்க. அப்புறம் போலின்னு என் தலைய உருட்டக்கூடாது."

மாமியார் பெரியவனுடைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. அவள் ஒரு கேனைக் குலுக்கிப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இது என்ன எண்ணெயா, கழுநீரா? பெரியவன் இருந்தா இதுல கைகூட கழுவமாட்டான். கெட்டியா வாங்குடா."

"அம்மா, புது இன்ஜின்மா. உள்ள சந்தெல்லாம் மயிரிழைதான். கெட்டி எண்ணெய் ஊத்தினா ஏறவே ஏறாது."

"அவன் இருந்தவரைக்கும் உனக்கு வாய் இருந்ததே தெரியாது எனக்கு."

"அவன் எங்க பேச விட்டான்?" என்றான் சின்னவன். சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களோ என்பதுபோல் திரும்பிப் பார்த்தான்.

"புத்தகத்துல எது போட்டிருக்கோ அதுதான் அத்தை," என்றாள் மருமகள். மெல்லிசு எண்ணெயையே எடுத்தாள். ஃபில்டர் இரண்டு இருந்தன, பார்ப்பதற்கு ஒரே மாதிரி. இரண்டையும் கையில் வைத்து எடை பார்த்தாள், ஓட்டைக்குள் விரல்விட்டு உள்ளே இருக்கும் ரப்பர் வால்வை அமுக்கிப் பார்த்தாள். ஒன்று விரலோடு விளையாடியது, ஒன்று விறைப்பாக எதிர்த்து நின்றது. விறைப்பானதை எடுத்துக்கொண்டாள். "வடிகட்டறதுல போய் மிச்சம் பிடிக்கக் கூடாது."

"கிட்னி பாத்து வாங்கற மாதிரி வாங்கறீங்க மேடம்," என்றார் சீல்காரர்.

ஏர் ஃபில்டரை சின்னவன் திறந்து பார்த்தான். வெள்ளையாகவே இருந்தது, தொடவேண்டாம் என்று மூடினான். முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் ஏசி ஃபில்டரை உருவியபோது அவன் கை நின்றது. தாள் மடிப்புகளுக்கு நடுவே பச்சையாகப் பொடிப் பொடியாக என்னவோ. மருமகள் வாங்கி மோந்தாள். ஏலக்காய்த் தோல்.

"நீ மென்னு போட்டியா?"

"எனக்கு அந்த வாசனையே ஆகாது, உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் ஏலக்காய் மென்றது ஒருத்தன்தான். சிகரெட்டை விட்ட நாளிலிருந்து அவன் வாயில் ஏலக்காய்த் தோல் இல்லாமல் அவள் பார்த்ததில்லை. தெருவில் அவன் வருவதற்கு முன்னால் அந்த வாசனை வந்துவிடும். மாமியார் அந்த ஃபில்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஜினைச் சூடுபண்ணி, வண்டியை ஏற்றி நிறுத்தி, சின்னவன் அடியில் போய் போல்ட்டைக் கழற்றினான். புது வண்டி எண்ணெய் தேன் நிறத்தில் இறங்க வேண்டும். இறங்கியது மை. ஆயுசு முழுக்க ஓடிக் களைத்த லாரியின் வயிற்றிலிருந்து வருவதுபோல், கரேலென்று, சத்தமே இல்லாமல். மருமகள் பழக்கதோஷத்தில் ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் வைத்துப் பார்த்தாள். சொட்டு பரவவில்லை. கண் மாதிரி அப்படியே நின்றது.

"அண்ணி," என்றான் சின்னவன் அடியிலிருந்து. குரலில் இருந்த கேலி எல்லாம் போயிருந்தது. "கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

டார்ச் வெளிச்சத்தில் ஃபில்டர் தெரிந்தது. ஃபில்டரையும் இன்ஜினையும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு, கடைசியில் கொக்கிபோல் வளைந்து. ஃபில்டர் தானாகத் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். அது பெரியவனுடைய வழக்கம். எந்த வண்டிக்கும் கடைசி முறுக்கு அவன் கையால்தான், அதன்மேல் அவன் கோடுதான். 'என் கை படாம ஒரு வண்டி இந்த வாசலைத் தாண்டாது' என்று வாடிக்கைக்காரர்களிடம் பீற்றிக்கொள்வான். ஷோரூமில் இப்படிக் கோடு போடமாட்டார்கள். இந்த வண்டியோ அவன் செத்துப் பல மாசம் கழித்துத் தொழிற்சாலையில் பிறந்தது.

வாசலைத் தாண்டாது என்ற அந்தப் பேச்சை வாடிக்கைக்காரர்கள் உத்தரவாதமாக எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு மட்டும் அதன் இன்னோர் அர்த்தம் தெரியும். கல்யாணமான புதிதில் அவளிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. அம்மா வீட்டுக்குப் போகக் கிளம்பினால் ஓடும். வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பினால் மட்டும் உதைத்து உதைத்துக் கால்தான் வலிக்கும். அவன் பதறி ஓடிவருவான், குனிந்து பார்ப்பான், 'உனக்கு ராசியில்லை, விடு' என்பான். பிளக் அவன் சட்டைப்பையில் இருக்கும்.

பழைய ஃபில்டரைக் கழற்றிப் போட்டார்கள். "புதுச நான் மாட்டறேன்," என்றாள் மருமகள். சின்னவன் ஒதுங்கிக்கொண்டான். அவளே அடியில் படுத்து, ரப்பர் வளையத்தில் புது எண்ணெயைத் தடவி, கையால் முறுக்கி, உட்கார்ந்த பிறகு இன்னும் முக்கால் சுற்று கொடுத்தாள். வெளியே வந்தாள். புது எண்ணெயை ஊற்றினார்கள். சோப்புத்தூள் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கசிவு பார்க்க அடியில் போன சின்னவன், போன வேகத்திலேயே பின்பக்கமாகத் தவழ்ந்து வந்தான். அவன் ஆள்காட்டி விரல் நுனி மஞ்சளாக இருந்தது.

"புது ஃபில்டர்லயும் கோடு. ஈரமா இருக்கு."

எல்லோரும் அலமாரியைப் பார்த்தார்கள். மஞ்சள் பெயின்ட் டப்பா அங்கேதான் இருந்தது. பெரியவன் போன நாளிலிருந்து யாரும் தொடவில்லை. உள்ளே பெயின்ட் கல்லாகியிருந்தது, பிரஷ் அதில் நடுகல்லாக நின்றது.

சீல்காரர் பையை மடிக்க ஆரம்பித்தார். "எனக்குக் கடையில ஆள் இல்ல. மேடம், சீல் எல்லாம் சரியா இருந்துச்சு, நீங்களே பாத்தீங்க. இதுக்கும் என் சரக்குக்கும் சம்பந்தம் இல்ல." ஒரு செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார். பிறகும் அதை எடுக்க வரவில்லை.

"வித்துடலாம் அண்ணி. இந்த வண்டி வேணாம்."

"வேற வாங்கினா அதுக்கும் கோடு போடுவார். எத்தனைய விக்கறது?"

மாமியார் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்காமல் சொன்னாள்: "அவனுக்கு நீ போறது பிடிக்கல."

"அவருக்கு நான் எங்க போனாலும் பிடிக்காது அத்தை. ஸ்கூட்டர் பிளக்க எங்க வச்சிருந்தார்னு உங்களுக்குத் தெரியாது."

"அவன் சட்டையத் தொவச்சது யாரு?" என்றாள் மாமியார். "எனக்குத் தெரியாதா."

வண்டியின் அடியில் என்னவோ டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

மருமகளுக்குச் செத்தவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. மெக்கானிக்கைப் பற்றித் தெரியும். கோட்டோடு வேலை முடியாது. எண்ணெய் மாற்றினால் பெரியவன் ட்ரையல் போயே தீருவான், முன்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து. சுற்றி வந்ததும் தரையில் அட்டையை விரித்து வண்டியை அதன்மேல் நிறுத்தச் சொல்லி, இறங்கி, அடியில் படுத்து, சொட்டு விழுகிறதா என்று பார்ப்பான். காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்து வந்து படுத்துப் பார்த்திருக்கிறான். உலகத்தில் எதை விட்டாலும் அவன் அதை விடமாட்டான்.

பெட்டியை எடுத்து டிக்கியில் வைத்தாள். சின்னவனை வாசலுக்குக் கூட்டிப்போய்க் காதோடு சொன்னாள். அவன் முகம் வெளுத்தது, ஆனாலும் தலையாட்டினான். அட்டையை விரித்துவைத்தான். அவள் வந்து இடதுபக்கக் கதவைத் திறந்து பிடித்தாள். வாடிக்கைக்காரர்கள் கேட்கும் அதே தோரணையில் கேட்டாள்:

"மேஸ்திரி, ஒரு ட்ரையல் போயிட்டு வந்துடலாமா?"

வண்டி இடப்பக்கம் மெல்ல இறங்கியது, கனத்த ஆள் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் இறங்குமே அந்த அளவுக்கு. அவள் கதவைச் சாத்தினாள்.

தெருவுக்கு வந்ததும் மணி அடிக்க ஆரம்பித்தது. இடது சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்கிற மணி. பெரியவன் பெல்ட் போடாத ஆள். ஏசி விசிறி தானாக நின்றது. இன்ஜின் சத்தம் கேட்க அவன் எப்போதும் அதை நிறுத்துவான். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தும் உள்ளே ஏலக்காய் வாசனை திணறடித்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கியர் மாற்றும்போது கையின்மேல் என்னவோ வந்து அமர்ந்தது, ஈரமில்லாத, சூடில்லாத ஒரு கனம். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தெருமுனை வந்தது. பெட்டி டிக்கியில் இருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை. நேரே போனால் அந்த ஊர். காலை அழுத்தினால் போதும், போய்விடலாம். ஆனால் போவது அவள் மட்டுமாக இருக்காது. அங்கேயும் ஒரு வாசல் இருக்கும், அதையும் தாண்டவிடமாட்டான். அவள் ஸ்டீயரிங்கை ஒடித்து வண்டியைத் திருப்பினாள்.

ஷெட்டுக்குள் கொண்டுவந்து அட்டையின்மேல் நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மணி நின்றது.

இடப்பக்கம் மெல்ல எழுந்து சமனாயிற்று. கதவு திறந்ததை அவள் பார்க்கவில்லை, மூடிக்கொண்ட சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அடியில் அட்டை நறநறத்தது, ஒருவர் முதுகை அதில் சாய்த்து உள்ளே நகர்வதுபோல்.

அவள் கை ரிவர்ஸ் கியரில் இருந்தது. ஆள் அடியில் இருக்கும்போது வண்டியை எடுக்கக் கூடாது என்று இந்த ஷெட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு நொடி கால் ஏறவில்லை. செத்தவனை இன்னொரு தடவை கொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டு காலை வைத்தாள். சக்கரங்கள் எதன்மேலும் ஏறவில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தது.

ஷெட்டுக்குள் அட்டை மட்டும் கிடந்தது, நடுவில் ஓர் ஆள் கிடக்கும் அளவுக்குக் குழிந்து. குழிவின் ஓர் ஓரம் எழும்பியது. எழுந்திருக்கிறான்.

சின்னவன் ஷட்டர் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு உறைந்து நின்றான். அவன் அம்மா உள்ளேதான் இருந்தாள். அவள் ஸ்டூலை இழுத்து அட்டைக்கும் வாசலுக்கும் நடுவே போட்டு, முதுகை வெளிச்சத்துக்குக் காட்டி உட்கார்ந்தாள்.

"அம்மா, வெளிய வா!"

"இழுடா."

"நீ வாம்மா முதல்ல!"

"நான் வந்தா அவனும் வருவான். நான் சொன்னா உட்காருவான், வேற யார் சொல்லியும் கேட்டதில்ல அவன். சாயங்காலமா வந்து தொற." பிறகு அட்டையைப் பார்த்து, சோறு போடக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்: "டேய், படுடா. எல்லா வண்டியையும் நீதான் பாக்கணுமா? ஒண்ணு போனா போகுது."

குழிவு அசையாமல் நின்றது. அப்புறம் ஓரம் மெல்லத் தாழ்ந்தது.

மாமியார் திரும்பாமலே, ஈ விரட்டுவதுபோல் பின்னால் ஒரு கையை ஆட்டினாள். போ என்றுதான் அர்த்தம். மருமகள் டாஷ்போர்டைப் பார்த்தாள். ஒரு விளக்கும் எரியவில்லை. முதல் கியரைப் போட்டு வண்டியைத் தெருமுனைப் பக்கம் திருப்பினாள். கண்ணாடியில், மாமியாரின் முதுகுக்குப் பின்னால் ஷட்டர் கடகடவென்று தரைவரை இறங்கியது. சின்னவன் குனிந்து பூட்டை மாட்டி அமுக்கினான்.