பண்டாரி இல்லாத கப்பல்

விமானத்தில் ஏறினால் என்னென்ன சும்மா கொடுப்பார்கள் என்று புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் எங்கள் பிளாக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இத்தனைக்கும் ஏறியவள் ஒரே ஒருத்திதான். கீழ்வீட்டு சாபிரா, போன வருஷம் உம்ராவுக்குப் போய் வந்தவள். அவளுக்கு பிரியாணி கொடுத்தார்களாம், ஜூஸ் கொடுத்தார்களாம், போர்த்திக்கொள்ளக் கம்பளி, காலுக்கு சாக்ஸ், தட்டு நிறைய சாக்லேட், வேண்டாம் என்று சொன்ன பிறகும் கேக். நாங்கள் நாக்பூருக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் மாடிப்படியில் மறித்துக்கொண்டாள்.

"அக்கா, சின்னதா ஒரு தலகாணி குடுப்பாங்க. வர்றப்போ எனக்கு ஒண்ணு எடுத்துனு வந்துடு. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"சரிம்மே" என்றேன். எனக்கு எங்கே தெரியும்?

எங்கள் மகள் மதி நாக்பூரில் ரயில்வேயில் வேலை பார்க்கிறாள். பாபாசாகேப் புத்த தம்மம் ஏற்ற தீக்ஷாபூமியை அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று வேலை கிடைத்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ரயில்வேக்காரி ரயிலில் அல்லவா கூப்பிட வேண்டும்? அப்பாவுக்குக் கால் வீங்குகிறது, அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்று விமானத்தில் டிக்கெட் போட்டுவிட்டாள். போட்டவள் போனில் தெளிவாகவும் சொன்னாள்.

"யம்மா, இது மலிவு டிக்கெட்டு. தண்ணியத் தவிர ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. அப்பாவுக்குச் சாப்பாடு கையிலயே வச்சிக்கோ."

நான் வைத்துக்கொண்டுதான் வந்தேன். எலுமிச்சை சாதமும் அவரைக்காய்ப் பொரியலும். அந்த டப்பாவை ஏர்போர்ட் கவுன்டரில் என் கையிலிருந்து பிடுங்கிப் பெரிய பையில் திணித்து, பையைப் பெல்ட்டில் ஏற்றி உள்ளே அனுப்பியவர் என் வீட்டுக்காரர் வேலப்பன்.

அவர் செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டினவர். கப்பல் மேல்தட்டில் நின்று சரக்கைத் தூக்கி இறக்குகிற வேலை. அவர் கேங்கில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கப்பலில் ஏறும் ஆள் வீட்டுச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஏணியில் கால் வைக்கக் கூடாது. டப்பா கரையிலேயே ஷெட்டில் இருக்க வேண்டும். டப்பாவோடு ஏறினால் கப்பல் சமையல்காரரை, அவர்கள் பாஷையில் பண்டாரியை, கேவலப்படுத்தியதாக அர்த்தம். பண்டாரி எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் ஏறி வந்தவனுக்கு ரொட்டியோ டீயோ சோறோ ஏதாவது கொடுத்துவிடுவார். அதற்கு எதிர்மரியாதை ஒன்றே ஒன்றுதான். வாய் திறந்து கேட்கக் கூடாது. கேட்டு வாங்கித் தின்றவனுக்குக் கேங்கில் 'பிச்சை' என்று பேர் வைத்து, அவன் ரிட்டையர் ஆகிற வரைக்கும் அப்படியேதான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் கட்டின பெண்டாட்டியிடமே இன்னொரு கரண்டி சோறு கேட்டதில்லை. காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான்தான் பார்த்துப் போட வேண்டும்.

"ஆகாசத்துல போனா இன்னா, தண்ணில போனா இன்னா, கப்பல் கப்பல்தான்" என்றார். "ஏறுனவனுக்கு ஒண்ணும் குடுக்காத கப்பல நான் பாத்ததே இல்ல. டப்பாவத் தூக்கினு வந்து என் மானத்த வாங்காத."

"மதி சொன்னது காதுல வுழலயா?"

"அது கொழந்த, அதுக்கு இன்னா தெரியும்? சாபிரா போய்ட்டு வந்தவ. அவ சொல்றா இல்ல?"

அவரை மட்டும் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவசரத்துக்கு என்று நான் எப்போதும் கைப்பையில் வைத்திருக்கிற மிட்டாயை அன்றைக்கு அதே பெரிய பையில் போட்டவள் நான்தான். தட்டு நிறைய சாக்லேட் நீட்டுவார்கள் என்றால் மிட்டாய் எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

மிட்டாய் வைத்திருப்பது நான் சப்புவதற்கு அல்ல. அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. மதியச் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்வார். போட்டுக்கொண்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை மடமடவென்று இறங்கிவிடும். ஒரு தடவை மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு ஒரு சாவுக்குப் போன இடத்தில் அப்படி இறங்கி, அடுத்தவரைப் புதைக்கப் போன மனுஷன் குழி ஓரத்தில் தானே விழுந்தார். குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

விமானத்துக்குக் கூப்பிடும் முன் அவர் பாத்ரூமுக்குப் போய் வந்தார். ஏறியதும் சோறு வரும் என்று கணக்குப் போட்டு அங்கேயே ஊசியையும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏறி உட்கார்ந்தோம். எனக்கு ஜன்னல், அவருக்கு நடைபாதை ஓரம், நடுவில் ஆளில்லை. விமானம் கிளம்பவில்லை. ஏதோ வரிசை என்று முக்கால் மணி நேரம் ஓடுபாதை ஓரத்திலேயே நின்றது. அவர் முன்சீட்டின் முதுகிலிருந்த பலகையை இறக்கி, தோள் துண்டால் துடைத்து, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பணிப்பெண் வந்து மடிக்கச் சொன்னாள். மடித்தார். மேலே போய் பெல்ட் விளக்கு அணைந்ததும் மறுபடியும் இறக்கினார். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி ஒரு முகம்.

தள்ளுவண்டி வந்தது. தள்ளிக்கொண்டு வந்தது அதே பெண்தான். சட்டையில் ஜெஸ்லின் என்று பேர் குத்தியிருந்தது. மெலிந்த உடம்பு, சிரித்த முகம், வாய் நிறையத் தமிழ்.

"சார், ஏதாவது எடுத்துக்கறீங்களா? சாண்ட்விச், உப்புமா, நூடுல்ஸ் இருக்கு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா என்கிற பார்வை. "எது குடுத்தாலும் சரிம்மா" என்றார். அவள் உப்புமா டப்பாவை எடுத்துப் பலகையில் வைத்துவிட்டு, "கார்டா சார், கேஷா?" என்று கேட்டாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மூடியில் வைத்த கையை மெதுவாக எடுத்தார். டப்பாவை அவளிடமே நீட்டினார்.

"வேணாம்மா. பசிக்கல."

"வாங்குய்யா, என் பர்சுல கீது" என்றேன்.

"சோத்த வெலைக்கு வைக்கற கப்பல்ல எனக்கு ஒண்ணும் வேணாம்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. கிட பட்டினி, எனக்கென்ன என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்படித் திரும்பியிருந்த நேரத்துக்காக இன்றைக்கு வரைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

பத்து நிமிஷம் போயிருக்கும். பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"பண்டாரி எங்க? பண்டாரியக் கூப்டு. இன்னா கப்பல் ஓட்றீங்க? மனுஷன் ஏறி எவ்ளோ நேரம் ஆவுது, சோறு எங்கடா?"

அவர்தான். பலகையை ஓங்கி ஓங்கித் தட்டினார். முன்னால் நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. பின்சீட்டில் கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஒருவர், நாற்பது வயதிருக்கும், சத்தமாகவே சொன்னார்: "கம்மி ரேட்ல டிக்கெட் வாங்கிட்டு பெருசுக்கு ஓசிச் சோறு வேற கேக்குது பாரு." சுற்றிலும் சிரித்தார்கள். அந்த ஆள் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க ஆரம்பித்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தொடையைக் கிள்ளினேன். "வாய மூடுய்யா, ஊரே சிரிக்குது."

"சோறு குடு" என்றார் என்னிடம். "ராஜாத்தி, எனுக்கு சோறு குடு."

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் சோறு கேட்டதில்லை. கேட்கிறது இவர் இல்லை. கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. சட்டைக் காலர் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. வாய் என் பேரைச் சொல்கிறது, ஆனால் கண் என் மேல் நிற்கவில்லை.

"யோவ், ஊசி போட்டியா? சொல்லுய்யா, ஊசி போட்டியா?"

"ஏறிட்டமில்ல" என்றார் நாக்கு குழற. "சோறு வந்துடும்."

நான் பெல்ட்டைப் பிய்த்துக்கொண்டு எழுந்தேன். மானம் மரியாதை எல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. "யம்மா, யாராவது இனிப்பு குடுங்களேன்! சக்கர எறங்கிப்போச்சி, எம்புருசன் பூடுவாரு! யாரு கையிலயாவது எதுனா கீதா?" என்று அந்த நீளமான கூண்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

ஜெஸ்லின் ஓடி வந்தாள். அவள் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டாள். "ஆன்ட்டி, முழுங்குறாரா?" தலையாட்டினேன். வண்டியிலிருந்து ஜூஸ் டப்பாவை உடைத்து, காப்பிக்கு வைத்திருக்கும் சர்க்கரைப் பொட்டலங்களைப் பல்லால் கிழித்து அதில் கொட்டினாள். நடைபாதையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, அவர் தலையை ஒரு கையால் தாங்கி, வாய் வாயாகக் குடிக்க வைத்தாள். பாதி அவர் சட்டையில் போயிற்று, அவள் கையில் வழிந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "இன்னொரு வாய் அங்கிள், இன்னும் ஒரே ஒரு வாய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

என் தோளுக்கு மேலே ஒரு கை நீண்டது. அதில் பிரித்த சாக்லேட். ஹெட்போன்காரர். போன் கையில் இல்லை. முகம் வெளுத்திருந்தது. "அழிச்சிட்டேம்மா" என்றார். "சத்தியமா எனக்குத் தெரியாதுமா."

அவரைத் திட்ட எனக்கு நேரமில்லை. வாங்கிக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் கை சூடானது. கண்ணில் தெளிவு வந்தது. போன உயிர் எனக்கும் திரும்பி வந்தது. ஜெஸ்லின் எழுந்து பின்பக்கம் போய் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தாள். திறந்தாள். புளிசாதம், மேலே ஒரு அவித்த முட்டை.

"இப்ப வயித்துக்கு ஏதாவது போகணும், இல்லன்னா மறுபடியும் இறங்கிடும். குடுங்க ஆன்ட்டி."

நான் பர்சைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து மூடினாள்.

"கம்பெனி சாப்பாடா இருந்தா கேட்டிருப்பேன். இது எங்கம்மா கட்டிக் குடுத்தது. அதுக்கு எப்படி ஆன்ட்டி காசு?"

"அப்ப நீ?"

"நான் இறங்குனதும் பாத்துப்பேன்."

அவள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் உருட்டி ஊட்டினேன். இத்தனை பேர் பார்க்க நான் அவருக்கு ஊட்டியதில்லை, அவரும் வாங்கியதில்லை. பாதி முட்டைக்கு வந்தபோது அவர் மெல்வதை நிறுத்தினார். டப்பாவைப் பார்த்தார். சட்டையில் இருந்த பருக்கையைப் பார்த்தார். முன்வரிசையில் திரும்பி நிற்கிற தலைகளைப் பார்த்தார். அவருக்கு ஏதோ அரைகுறையாக நினைவு வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ராஜாத்தி" என்றார் சின்னக் குரலில். "நான் சோறு கேட்டனா?"

இந்த மனுஷனைக் குத்திக்காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு ஆயுசுக்கும் கிடைக்காது. மதி சொன்னதைக் கேட்டிருந்தால் என்று ஆரம்பித்து நாக்பூர் வரைக்கும் பேசியிருக்கலாம். ஆனால் அவர் கண்ணைப் பார்த்தால் வாய் வரவில்லை. செத்துப் பிழைத்ததைப் பற்றி அந்த ஆளுக்குக் கவலையே இல்லை. முப்பத்தோரு வருஷம் எத்தனையோ கப்பலில் காப்பாற்றினதை இங்கே தொலைத்துவிட்டோமா என்பதுதான் பயம். எனக்குப் பொய் சொல்லத் தெரியும், ஆனால் அவர் என் பொய்யை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஜெஸ்லின்தான் குனிந்தாள்.

"நீங்க ஒண்ணுமே கேக்கல அங்கிள். உங்க முகத்தப் பாத்து நாங்களாதான் கொண்டு வந்தோம்."

அவர் அவளை நம்பலாமா என்று பார்த்தார். அப்போது பின்சீட்டிலிருந்து ஹெட்போன்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஆமா பெரியவரே, நான் பின்னாடியேதான உக்காந்திருக்கேன். நீங்க வாயே தொறக்கல." முன்வரிசையில் ஒரு அம்மாள், யாரும் கேட்காமலே, "இல்லவே இல்லீங்க" என்று தலையாட்டினாள்.

"அதான பாத்தேன்" என்றார் என் வீட்டுக்காரர். நிமிர்ந்து உட்கார்ந்து மிச்ச முட்டைக்கு வாயைத் திறந்தார்.

நாக்பூரில் இறங்கும்போது வாசலில் நின்று ஜெஸ்லின் ஒவ்வொருவருக்கும் கைகூப்பி நன்றி சொன்னாள். எங்களுக்கும் சொன்னாள். எங்களுக்கு நன்றி சொல்ல அவளுக்கு என்ன இருக்கிறது? நான் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். சோறு தந்ததற்கும், அதைவிட அந்த ஒரு பொய்க்கும் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "நல்லா இரும்மா" என்று மட்டும் வந்தது, அழுகையும் வந்தது. பின்னால் வரிசை முழுக்க நின்றிருந்தது. ஒருத்தரும் எங்களைச் சீக்கிரம் போகச் சொல்லவில்லை.